புத்திமதி வேண்டாம், வேலை கொடுங்கள்

கேள்வி: அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பக்கத்து வீட்டுப் பையன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். சென்ற ஆண்டு தந்தையை இழந்தவன். யாரோடும் பேசுவதில்லை, பள்ளிக்கும் ஒழுங்காகப் போவதில்லை. நாலு நல்ல வார்த்தை சொல்லும்படி அவன் தாயார் கேட்டுக்கொண்டதால், ஞாயிறுதோறும் வீட்டுக்கு அழைத்துப் பேசினேன். தலையாட்டிவிட்டுப் போவான். இப்போது வருவதே இல்லை. என்ன செய்வது?
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: அன்புள்ள ஐயா, துக்கத்தில் இருக்கும் பதினாறு வயதுப் பையனை எதிரே உட்கார வைத்துப் பேசினால், எவ்வளவு அன்பாகப் பேசினாலும், தன்னிடம் ஏதோ குறை இருப்பதாகத்தான் அவன் எடுத்துக்கொள்வான். அவன் வராமல் போனது உங்கள் மீதுள்ள வெறுப்பால் என்று எண்ண வேண்டாம். நாற்காலியை விட்டுவிட்டு, கைத்தொழிலைக் கையில் எடுங்கள்.

தமிழக அரசு பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு வழங்கும் இலவச சைக்கிள்கள் உங்கள் தெருவிலும் பல இருக்கும். அவற்றுள் பிரேக் பிடிக்காமலும் செயின் தளர்ந்தும் ஓடுபவை சிலவாவது இருக்கும். ஞாயிறு காலை வாசலில் ஒரு சாக்கை விரித்து, தெருப் பிள்ளைகளின் சைக்கிள்களை இலவசமாகப் பழுது பார்க்கப் போவதாகவும், கூடமாட ஓர் ஆள் தேவைப்படுவதாகவும் அவனிடம் சொல்லுங்கள். இதில் பொய் எதுவும் இல்லை; உங்களுக்கு உண்மையிலேயே ஆள் தேவைப்படும். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது சற்றுக் காயும் வரை காத்திருந்து ஒட்டுப் போடுகிற அந்த நேரத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாததால், அவன் தானாகவே ஏதாவது சொல்லக்கூடும். சொல்லாவிட்டாலும் குற்றமில்லை. பழுது நீங்கிய சைக்கிளை ஒரு சிறுமி வாங்கிக்கொண்டு ஓட்டிப் போவதை அவன் பார்ப்பான். தந்தை இறந்ததிலிருந்து எல்லோரும் அவனுக்காகப் பரிதாபப்பட்டிருக்கிறார்களே தவிர, அவனால் தங்களுக்கு ஓர் உதவி கிடைத்ததாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால்தான் வேறெதையும் விட இதை நான் பெரிதாக மதிக்கிறேன். பிரேக் கட்டை மாற்றுவதில் அவன் தப்புச் செய்தால் பிடுங்கிச் செய்யாதீர்கள். கழற்றி மறுபடி மாட்டட்டும்.

அமெரிக்காவில் ஒரு பெரியவரையும் ஒரு பிள்ளையையும் இணைத்துப் பழகவிடும் 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' என்னும் அமைப்பு நூறாண்டுக்கு மேலாக இயங்கி வருகிறது. அதில் சேர்ந்த 10 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளைப் பற்றி 1995இல் வெளியான ஆய்வு, துணை கிடைத்தவர்கள் பள்ளிக்கு மட்டம் போடுவது, காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களைவிட ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததைக் காட்டியது. அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்து 2002இல் வெளியிட்டவர்கள் கண்டதுதான் உங்களுக்கு முக்கியம்: ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவுகளே அதிகப் பலன் தந்தன, மூன்று மாதத்துக்குள் முறிந்தவற்றில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்தது. ஏற்கெனவே ஒருவரை இழந்த பையனுக்கு இது இரட்டை இழப்பு. ஆகவே ஓராண்டு உங்களால் தொடர முடியும் என்று உறுதியாகத் தெரிந்த பிறகே தொடங்குங்கள். மாதம் இரண்டு ஞாயிறுதான் முடியும் என்றால் இரண்டையே சொல்லுங்கள், ஆனால் சொன்ன ஞாயிறு தவறக் கூடாது.

வேலை எப்போதும் திறந்த வாசலில், தாயாருக்குத் தெரிந்தே நடக்கட்டும். அவனுக்கும் உங்களுக்கும் அதுவே பாதுகாப்பு. அவன் நம்பிச் சொல்வதைத் தெருவில் பகிராதீர்கள். ஆனால் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ, யாரேனும் துன்புறுத்துவதோ பேச்சில் வந்தால் அன்றே தாயாரிடம் சொல்லி மருத்துவ உதவிக்கு வழி செய்யுங்கள்; வீட்டில் உள்ளவராலேயே ஆபத்து என்றால் 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

பள்ளியைப் பற்றி முதல் சில வாரங்கள் நீங்களாக எதுவும் கேட்க வேண்டாம். வருகிற ஞாயிறு அவன் வீட்டு வாசலுக்கு நீங்களே போய், அவனுடைய சைக்கிளில் என்ன கோளாறு என்று கேளுங்கள்.