கட்டப்படாத சவாரிகள்: வாசகர் கேள்வி பதில்

டிஸ்னி பூங்காக்களுக்காக வரையப்பட்டு, கடைசிவரை கட்டப்படாமலே போன சவாரிகளைப் பற்றியும், அந்தப் பூங்காக்களுக்குப் புதிய சவாரிகளைத் தாங்களே கற்பனை செய்து வரைபடமும் விளக்கமுமாக எழுதிவரும் ரசிகர்களைப் பற்றியும் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறோம்.

கேள்வி: யாரும் ஏறிப் பார்க்காத ஒரு சவாரியைப் பற்றி ஐம்பது ஆண்டுகளாக ஒரு கூட்டம் பேசிக்கொண்டிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது எந்தச் சவாரி? ஏன் அதைக் கட்டவில்லை?
– வாசகர், திருச்சி

பதில்: அதன் பெயர் ‘வெஸ்டர்ன் ரிவர் எக்ஸ்பெடிஷன்’. அனிமேஷன் ஓவியராக இருந்து பூங்கா வடிவமைப்புக்கு வந்த மார்க் டேவிஸ், ஃபுளோரிடாவில் 1971 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்ட மேஜிக் கிங்டம் பூங்காவுக்காக இதைத் திட்டமிட்டார். கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1967 முதல் ஓடிக்கொண்டிருந்த ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ படகுச் சவாரி பெரும் புகழ் பெற்றிருந்தது. ஆனால் கரீபியன் கடலுக்குப் பக்கத்திலேயே வசிக்கும் ஃபுளோரிடா மக்களுக்குக் கடற்கொள்ளையர் கதை புதுமையாக இராது என்று நிர்வாகம் எண்ணியதால், அதற்கு ஈடாக அமெரிக்க மேற்குப் பகுதியின் கதையைச் சொல்லும் இன்னொரு படகுச் சவாரியை டேவிஸ் வரைந்தார். ‘தண்டர் மேசா’ என்ற செந்நிறப் பாறைக் குன்றுக்குள் படகுகள் நுழையும். தீயைச் சுற்றி அமர்ந்து பாடும் மாடு மேய்ப்பவர்களையும், வங்கிக் கொள்ளை நடக்கும் ஒரு சிற்றூரையும், பழங்குடியினரின் மழை நடனத்தையும், எரிந்துகொண்டிருக்கும் காட்டையும் கடந்து, இறுதியில் அவை அருவியோடு கீழே பாயும். குன்றின் மேலே ஒரு சுரங்க ரயிலும் ஓடும் என்பது திட்டம்.

பூங்கா திறந்ததும் நிர்வாகத்தின் கணிப்பு பொய்த்தது. வந்தவர்கள், கலிஃபோர்னியாவில் இருக்கும் கடற்கொள்ளையர் இங்கே ஏன் இல்லை என்று கேட்கத் தொடங்கினார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, சற்றே சுருக்கப்பட்ட கடற்கொள்ளையர் சவாரி 1973 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஒரே பூங்காவில் இரண்டாவது பெரிய படகுச் சவாரிக்குப் பணம் ஒதுக்குவதற்கு அதன்பின் நியாயம் சொல்ல முடியவில்லை. காரில் வரும் பயணிகளை நம்பியிருந்த பூங்காவை அதே ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் அச்சுறுத்தியது. திட்டத்திலிருந்த சுரங்க ரயில் யோசனை மட்டும் தப்பியது. டோனி பேக்ஸ்டர் என்ற இளம் வடிவமைப்பாளர் அதைத் தனிச் சவாரியாக வளர்த்தெடுத்தார். அதுவே 1979-இல் கலிஃபோர்னியாவிலும் 1980-இல் ஃபுளோரிடாவிலும் ‘பிக் தண்டர் மவுண்டன்’ ஆயிற்று.

டேவிஸின் ஓவியங்களும் மாதிரிகளின் படங்களும் எஞ்சியிருப்பதால் ரசிகர்கள் இன்றும் அந்தப் படகுகளைக் காட்சி காட்சியாகக் கணினியில் ஓட்டிப் பார்க்கிறார்கள். அவர்களுடைய ஏக்கம் எமக்குப் புரிகிறது; ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கட்டப்படாத சவாரி பழுதாவதில்லை, பழையதாவதில்லை, அதற்கு வரிசையும் இல்லை. இது மட்டும் கட்டப்பட்டிருந்தால், பழங்குடியினரைக் கேலிச் சித்திரமாகக் காட்டும் அந்தப் பகுதியை எப்போதோ பிரித்தெடுத்திருப்பார்கள். அதை மறுபடி வரைபவர்களில் பலர் அந்தக் காட்சியை அப்படியே வைத்துவிட்டுக் கடந்துபோவது எமக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

கேள்வி: வெறும் படத்தைக் காட்டிப் பூங்கா கட்டப் பணம் திரட்ட முடியுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: முடிந்திருக்கிறது. 1953 செப்டம்பரில் ஒரு வார இறுதியில், வால்ட் டிஸ்னி பக்கத்தில் நின்று விவரித்துக்கொண்டே இருக்க, ஹெர்ப் ரைமன் என்ற ஓவியர் டிஸ்னிலேண்டின் முதல் பறவைப் பார்வை வரைபடத்தை வரைந்து முடித்தார். வால்டின் அண்ணன் ராய் அதை நியூயார்க்குக்கு எடுத்துச் சென்றார். பின்னர் ஏபிசி தொலைக்காட்சி நிறுவனம் முதலீட்டுக்கு இசைந்தது. 1955 ஜூலை 17 அன்று பூங்கா திறக்கப்பட்டது. வரைபடத்தில் இருந்தவை எல்லாம் கட்டப்பட்டுவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: நான் பொறியியல் மாணவன். ஃபுளோரிடாவின் டிஸ்னி பூங்காவுக்கென்று 250 அடி உயரத்தில், வட்டமான ஏழு சுழற்சிகள் கொண்ட ரோலர் கோஸ்டர் ஒன்றை வரைந்திருக்கிறேன். நண்பர்கள் பாராட்டுகிறார்கள். தங்கள் கருத்து என்ன?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நண்பர்கள் உங்கள் உழைப்பைப் பாராட்டியிருக்கிறார்கள், நாம் வரைபடத்தைப் பார்ப்போம்.

முதலில் உயரம். அமெரிக்காவில் 200 அடிக்கு மேல் எழும் கட்டடங்களுக்கு விமானங்களை எச்சரிக்கும் விளக்குகள் பொருத்த வேண்டியிருக்கும். கற்பனை மலையின் உச்சியில் சிவப்பு விளக்கு மின்னினால் அந்த மாயம் அங்கேயே கலைந்துவிடும் என்பதால், ஃபுளோரிடாவின் டிஸ்னி வடிவமைப்பாளர்கள் அந்த வரம்புக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுகிறார்கள். ‘எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட்’ மலை 199.5 அடி, ‘டவர் ஆஃப் டெரர்’ கட்டடம் 199 அடி. கீழே பெரிதாகவும் மேலே போகப்போகச் சிறிதாகவும் கட்டி, இல்லாத உயரத்தைக் கண்ணுக்குக் காட்டும் முறையை அவர்கள் நம்புகிறார்கள். உங்கள் 250 அடியை 190 ஆகக் குறைத்துவிட்டு, அதை 300 அடியாகத் தோன்ற வைப்பது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். வரைபடம் அங்கேதான் சுவாரசியமாகும்.

அடுத்து வட்டம். உச்சியில் வண்டி தண்டவாளத்தை விட்டு விலகாமல் இருப்பதற்குப் போதுமான குறைந்தபட்ச வேகத்தோடு ஒரு முழு வட்டத்தைக் கடந்தால், உராய்வை விட்டுவிட்டுக் கணக்கிடும்போது, வட்டத்தின் அடியில் பயணி தம் எடையைப் போல் 6 மடங்கை உணர்வார். இதை நீங்களே ஆற்றல் அழிவின்மை விதியைக் கொண்டு ஐந்து வரிகளில் நிறுவலாம். 1895-இல் நியூயார்க்கின் கோனி தீவில் வட்டச் சுழற்சியுடன் ஓடிய ‘ஃப்ளிப் ஃப்ளாப்’ சவாரி கழுத்து வலிக்குப் பேர் போனது. இந்தச் சிக்கலை வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மானியப் பொறியாளர், அடியில் அகன்றும் உச்சியில் குறுகியும் இருக்கும் நீர்த்துளி வடிவத்தால் தீர்த்தார். 1976-இல் கலிஃபோர்னியாவில் திறக்கப்பட்ட ‘ரெவல்யூஷன்’ அந்த வடிவத்தை நிலைநாட்டியது. ஆகவே உங்கள் ஏழு வட்டங்களும் மாற வேண்டும். ஏழு தேவைதானா என்பது தனிக் கேள்வி.

மூன்றாவதாக, பெரும்பாலான ரசிகர்கள் மறந்துவிடும் கணக்கு: ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் ஏறுவார்கள்? 24 இருக்கைகள் கொண்ட வண்டி நிமிடத்துக்கு ஒன்றாகப் புறப்பட்டால் மணிக்கு 1,440 பேர். ஏறி, பட்டை மாட்டி, சரிபார்த்துப் புறப்பட ஒன்றரை நிமிடம் ஆனால் அது 960 ஆகச் சுருங்கிவிடும். கல்யாண வீட்டில் ஒரு பந்தி எழுந்த பிறகுதான் அடுத்த பந்தி உட்கார முடியும். தட்டை ஏந்தி நகர்ந்துகொண்டே பரிமாறிக்கொள்ளும் இடத்தில் வரிசை நிற்பதே இல்லை. டிஸ்னிலேண்டின் ‘ஹாண்டட் மேன்ஷன்’ பேய் மாளிகை இரண்டாவது வகை: அங்கே சங்கிலிபோல் இணைந்த இருக்கைகள் நிற்காமல் நகர, பயணிகள் நகரும் நடைமேடையிலிருந்து ஏறிக்கொள்கிறார்கள். அதனால் மணிக்கு 2,000 பேருக்கு மேல் கடந்துபோக முடிகிறது.

அதே மாளிகையை இன்னொரு காரணத்துக்காகவும் நீங்கள் படிக்க வேண்டும். வெளியே தெரியும் மாளிகைக்குள் சவாரிக்கு இடமே இல்லை. உண்மையான சவாரி, பூங்காவைச் சுற்றி ஓடும் ரயில் பாதைக்கு அப்பால், பார்வையாளர் கண்ணில் படாத பெரிய கொட்டகையில் இருக்கிறது. பாதைக்கு அடியில் மக்களைக் கொண்டுசெல்ல வேண்டுமே! அதற்காகத்தான் அறை நீள்வதுபோலவும் சுவரோவியங்கள் வளர்வதுபோலவும் தோன்றும் அந்தப் புகழ்பெற்ற அறை உருவானது. அது உண்மையில் கீழே இறங்கும் ஒரு மின்தூக்கி. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் இடம் இல்லை என்ற ஒரு தடையிலிருந்து பிறந்த காட்சி, அந்தத் தடை இல்லாத ஃபுளோரிடாவிலும் அப்படியே பின்பற்றப்பட்டது. அங்கே தரை இறங்குவதில்லை, கூரைதான் உயர்கிறது. வெற்றுத் தாளில் தடையே இல்லாமல் வரைபவருக்கு இப்படி ஒரு யோசனை தோன்றியிருக்காது என்பது எம் கருத்து. அடுத்த முறை ஏற்கெனவே இருக்கும் ஒரு பூங்காவின் வரைபடத்தை எடுத்து, அதில் காலியாக உள்ள ஒரு மூலையைத் தேர்ந்து அதற்குள் வரையுங்கள்.

கேள்வி: ரசிகர்கள் தங்கள் யோசனையை நேரடியாக நிறுவனத்துக்கே அனுப்பினால் என்ன?
– வாசகி, மதுரை

பதில்: திருப்பி அனுப்பிவிடுவார்கள், அல்லது படிக்கவே மாட்டார்கள். பெரிய பொழுதுபோக்கு நிறுவனங்கள், தாங்கள் கேட்காமல் வரும் யோசனைகளை ஏற்பதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கின்றன. ஆணவம் இதற்குக் காரணம் அன்று; வழக்கு பற்றிய அச்சம்.

ஓர் எடுத்துக்காட்டு. ‘ஸ்பிளாஷ் மவுண்டன்’ என்ற நீர்ச் சவாரி, கறுப்பின மக்களைச் சித்திரித்த விதத்துக்காகக் கடும் கண்டனத்துக்கு உள்ளான 1946-ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றை அடிப்படையாகக் கொண்டிருந்தது. அதை டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசியான டியானாவின் கதையாக மாற்ற வேண்டும் என்று 2020 ஜூனில் ரசிகர்கள் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். அதே மாதம் 25-ஆம் தேதி நிறுவனம் அந்த மாற்றத்தையே அறிவித்தது. கூடவே, முந்தைய ஆண்டிலிருந்தே இந்த வேலை நடந்துவருவதாகவும் சொன்னது. 2024 ஜூனில் புதிய சவாரி ஃபுளோரிடாவில் திறக்கப்பட்டது. ஒரே யோசனை இரண்டு இடங்களில் தனித்தனியாகத் தோன்றுவது இயல்பு. ரசிகர் ஒருவரின் கடிதம் நிறுவனத்தின் கோப்பில் முன்கூட்டியே இருந்துவிட்டால், அது எங்கிருந்து வந்தது என்பதை நீதிமன்றத்தில்தான் தீர்க்க வேண்டியிருக்கும். மாணவர்களுக்கு மட்டும் ஒரு வாசல் உண்டு: டிஸ்னியின் வடிவமைப்புப் பிரிவு 1990-களின் தொடக்கத்திலிருந்து ‘இமாஜினேஷன்ஸ்’ என்ற போட்டியை நடத்திவருகிறது.

கேள்வி: கைவிடப்பட்டவை எப்போதாவது உயிர்பெற்றதுண்டா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பெரும்பாலும் வேறு ஊரில், வேறு பெயரில். டோனி பேக்ஸ்டர் 1970-களில் டிஸ்னிலேண்டுக்காக வரைந்த ‘டிஸ்கவரி பே’ என்ற துறைமுக நகரம் கைவிடப்பட்டது. அதில் இடம்பெற்றிருந்த ஹைப்பீரியன் என்ற வான்கப்பலை, 1992-இல் திறக்கப்பட்ட பாரிஸ் பூங்காவில் ஓர் உணவகத்தின் முகப்பில் இன்றும் காணலாம். கலிஃபோர்னியாவின் லாங் பீச் துறைமுகத்துக்காகத் திட்டமிட்டுக் கைவிட்ட கடல் பூங்காவின் எண்ணம், 2001-இல் ஜப்பானில் ‘டோக்கியோ டிஸ்னிசீ’ ஆக நனவாயிற்று. புராண விலங்குகளுக்கென்று திட்டமிட்ட ‘பீஸ்ட்லி கிங்டம்’ மட்டும் எங்கும் எழவில்லை. அது இடம்பெற வேண்டியிருந்த, ஃபுளோரிடாவில் 1998-இல் திறந்த அனிமல் கிங்டம் பூங்காவின் சின்னத்தில் அந்தப் பகுதிக்கான டிராகன் மட்டும் இடம்பிடித்துக்கொண்டது.

ரசிகர்களின் நினைவாற்றலுக்கு இன்னொரு சான்று, தொப்பிப் பெட்டியை ஏந்திய பேய். 1969-இல் பேய் மாளிகையில் நிறுத்தப்பட்ட அந்த உருவத்தின் தலை கழுத்திலிருந்து மறைந்து பெட்டிக்குள் தோன்ற வேண்டும். ஒளியமைப்பு சரியாக வராததால் சிறிது காலத்திலேயே எடுத்துவிட்டார்கள். அதை நேரில் கண்டவர் மிகச் சிலரே. ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ரசிகர்கள் அதை மறக்கவில்லை. 2015-இல் புதிய தொழில்நுட்பத்தோடு அது டிஸ்னிலேண்டுக்குத் திரும்பியது.

கேள்வி: கட்டாமல் விட்டதே நல்லது என்று சொல்லத்தக்கது ஏதாவது உண்டா?
– வாசகி, சேலம்

பதில்: உண்டு. வர்ஜீனியாவில் மனாசஸ் உள்நாட்டுப் போர்க்களத்துக்கு அருகில், அமெரிக்க வரலாற்றையே பொருளாகக் கொண்ட ‘டிஸ்னிஸ் அமெரிக்கா’ பூங்காவைக் கட்டப்போவதாக 1993 நவம்பரில் அறிவித்தார்கள். அடிமை முறையையும் போரையும் கேளிக்கைப் பூங்காவில் எப்படிக் காட்டுவது என்று வரலாற்றாசிரியர்கள் எதிர்த்தார்கள்; போக்குவரத்து நெரிசலுக்கு அஞ்சிய உள்ளூர் மக்களும் சேர்ந்துகொண்டார்கள். 1994 செப்டம்பரில் திட்டத்தைக் கைவிட்டார்கள். இதையும் மறுபடி வரையும் ரசிகர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது அந்த எதிர்ப்புக்குத் தம் வரைபடத்தில் பதில் சொல்லியிருந்தால் நாம் ஆவலோடு படித்திருப்போம்.

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி நோட்டு முழுவதும் பூங்காவும் சவாரியுமாக வரைகிறாள். இதை வளர விடலாமா, கண்டிக்க வேண்டுமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: பள்ளி நோட்டைக் காப்பாற்ற, அவளுக்குத் தனியாக ஒரு கட்டம் போட்ட நோட்டு வாங்கிக் கொடுங்கள் அம்மா. கிறிஸ் சாயர் உருவாக்கி 1999-இல் வெளிவந்த ‘ரோலர் கோஸ்டர் டைகூன்’ என்ற கணினி விளையாட்டு, சவாரியின் பரபரப்பையும் அது தரும் குமட்டலையும் தனித்தனி எண்களாகக் காட்டும். சோர்ந்துபோன பார்வையாளர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். அவளுக்கு அது பிடிக்கும். வரைந்ததைக் காட்ட வரும்போது நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்பாமல் கேள்வி கேளுங்கள்: மழை பெய்தால் வரிசையில் நிற்பவர்கள் எங்கே ஒதுங்குவார்கள், சவாரியில் ஏற முடியாத பாட்டி எங்கே உட்கார்ந்து பேரனைப் பார்ப்பார், பாதி வழியில் வண்டி நின்றுவிட்டால் மக்களை எந்தப் படிக்கட்டில் இறக்குவார்கள். முக்கியமாக, கழிப்பறை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். நாம் பார்த்த ரசிகர் வரைபடங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் அது இல்லவே இல்லை.