உப்புக் காற்றில் பழைய கோ-கார்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கூரையில்லாத, தரையோடு தாழ்ந்த சின்னப் பந்தய வண்டிகளான பழைய 100 சிசி கோ-கார்ட்டுகளைச் சரிசெய்து ஓட்டுவது பற்றி ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே. எழுதியவர்களில் பலரும் நாற்பதைத் தாண்டியவர்கள்.

துபாயில் வேலை பார்த்தபோது வாடகைக் கார்ட் ஓட்டிப் பழகினேன். வயது 47. இப்போது ஊரோடு வந்துவிட்டேன். புது ரேஸ் கார்ட் நமக்குக் கட்டுப்படியாகாது. பழைய 100 சிசி கார்ட் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
— வாசகர், கீழக்கரை

நீங்கள் ஓட்டியதும் வாங்கப்போவதும் வேறு வேறு ரகம். வாடகைக் கார்ட்டில் பெரும்பாலும் ஹோண்டா ஜிஎக்ஸ் வகை ஃபோர்-ஸ்ட்ரோக் இஞ்சின் இருக்கும். தண்ணீர் இறைக்கும் பம்பு செட்டில் இருப்பதும் அதே குடும்பம்தான். பழைய 100 சிசி ரேஸ் கார்ட்டில் இருப்பது டூ-ஸ்ட்ரோக். பெரும்பாலும் காற்றிலேயே குளிரும். கியர் கிடையாது, பெரும்பாலானவற்றில் கிளட்சும் கிடையாது. இஞ்சினின் சின்ன ஸ்பிராக்கெட்டிலிருந்து செயின் நேரே பின் ஆக்சிலுக்குப் போகிறது. சக்கரம் நின்றால் இஞ்சினும் நின்றுவிடும். மறுபடி ஓட வேண்டுமென்றால் யாராவது பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து ஓடி, கீழே விட்டுத் தள்ள வேண்டும்.

1956-இல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் புல்வெட்டும் இயந்திரத்துக்கான இஞ்சினை ஒரு குழாய்ச் சட்டத்தில் பூட்டியதில் பிறந்தது இந்த விளையாட்டு. 100 சிசி நேரடி செயின் வண்டிகள் 2006 வரை சர்வதேசப் போட்டிகளின் மேல்தட்டில் இருந்தன. 2007-இல் 125 சிசி தண்ணீர்க் குளிர்வி இஞ்சின்கள் வந்ததும் இவை ஓரங்கட்டப்பட்டன. அதனால்தான் இன்று கைக்கெட்டும் விலையில் கிடைக்கின்றன. பெரும்பாலானவற்றில் ரேடியேட்டர், பேட்டரி, வயரிங் எதுவும் இல்லாததால் பராமரிப்பும் மலிவு.

விற்பவர் இஞ்சினைப் பற்றித்தான் பேசுவார். நீங்கள் சட்டத்தைப் பாருங்கள். இஞ்சினுக்குப் போர் ஏற்றலாம், பிஸ்டன் மாற்றலாம். முறுக்கிய சட்டத்தை நேராக்கும் செலவுக்கு வேறொன்றை வாங்கிவிடலாம்.

நான்கு டயரிலும் ஒரே அளவு காற்று அடித்து, சமதளமான தரையில் வண்டியை நிறுத்துங்கள். முன்பக்கத்தின் நட்டநடுவில் ஒரு பைப்பைக் கொடுத்து மெல்லத் தூக்குங்கள். இரு முன்சக்கரங்களும் ஒன்றாகத் தரையை விட்டு எழ வேண்டும். ஒன்று முந்தினால் சட்டம் முறுக்கிக்கொண்டிருக்கிறது, அல்லது முன் அச்சுக்குச்சி வளைந்திருக்கிறது. அடுத்து, முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின் போல்ட்டிலிருந்து எதிர்ப்பக்கப் பின் பேரிங் வரை குறுக்காக இருபுறமும் அளந்து பாருங்கள். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்பதைவிட வேண்டாமென்று வந்துவிடுவது நல்லது. பிறகு வண்டியைச் சாய்த்து அடிக்குழாய்களைப் பாருங்கள். தடத்தில் உரசி உரசி அடிப்பக்கம் தட்டையாகியிருக்கும். விரலால் தட்டினால் தகரம்போலச் சத்தம் வரும் இடத்தில் குழாய் தேய்ந்துபோயிருக்கிறது. பின் பேரிங் பிடிப்பைச் சுற்றிய வெல்டிங்கிலும், சீட்டைத் தாங்கும் கம்பிகளின் அடியிலும் பெயிண்ட் மயிரிழைபோல வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வெடிப்பைப் பற்றவைக்க டிக் வெல்டிங்தான் வேண்டும். இந்தச் சட்டங்களின் குரோம்-மாலி (கலவை எஃகு) குழாயில் சாதாரண ராடு வைத்துப் பற்றவைத்தால், பற்றின இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி உடையும்.

கிளட்ச் இல்லாத வண்டியை ஒற்றை ஆளாய்த் தள்ளி, ஓடி, ஏறி உட்காருவது இருபது வயதில் செய்த வேலை. யமஹா கேடி100 போன்ற இஞ்சின்களுக்கு சுற்று கூடினால் தானே பிடிக்கும் உலர் சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச் கிடைக்கிறது. பழைமைக் கணக்கில் அது சேராது. இடுப்புக்குச் சேரும்.

யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் இஞ்சினைக் கார்ட் சட்டத்தில் பூட்டலாமா? மெக்கானிக் ஒருவர் 'அப்படியே மாட்டிவிடலாம்' என்கிறார்.
— வாசகர், சாயல்குடி

மாட்டலாம், 'அப்படியே' அல்ல. 98 சிசி, 11 குதிரைத்திறன், நான்கு கியர், கிக்கர், கிளட்ச் எல்லாம் வசதிதான். இடிக்கிற இடங்கள் இரண்டு.

முதலாவது பல் கணக்கு. பைக்கின் பின்சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.87 மீட்டர் போகும். 11 அங்குல கார்ட் டயர் 0.88 மீட்டர்தான் போகும். பைக்கின் பின் ஸ்பிராக்கெட்டையே ஆக்சிலில் போட்டால், அதே இஞ்சின் சுற்றில் பாதி வேகத்துக்கும் குறைவு. டாப் கியரிலும் இஞ்சின் அலறும், வண்டி நகராது. பைக்கின் பல் எண்ணிக்கையில் ஏறத்தாழ 60 முதல் 70 சதவீதத்தில் தொடங்குங்கள். நீளமான நேர்ப்பாதை உள்ள தடமானால் இன்னும் குறைக்கலாம். செயின் பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி) இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும்: கார்ட்டுக்கே உரிய 219 செயின் பைக் ஸ்பிராக்கெட்டில் உட்காராது.

இரண்டாவது காற்று. பைக்கில் இஞ்சினின் முகத்தில் நேரே காற்று அடிக்கிறது. கார்ட்டில் அது உங்கள் விலா ஓரம் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும். அலுமினியத் தகட்டை வளைத்துக் காற்றைச் சிலிண்டர் துடுப்புகளுக்குத் திருப்பிவிடாமல் ஓட்டினால், பத்துச் சுற்றில் பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

நல்ல நிலையில் இருக்கும் ஆர்எக்ஸைப் பிரித்துவிடாதீர்கள். 1996-உடன் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. முழுசாக விற்றால் வரும் பணத்தில் கார்ட்டுக்குப் பாதிச் செலவு தேறும். சட்டம் ஒடிந்து, புத்தகம் தொலைந்து கிடக்கும் சுசூகி சாமுராய் இஞ்சின் போதும்.

பெட்ரோலில் ஆயில் எவ்வளவு கலப்பது? போன முறை கலந்து வைத்த பெட்ரோலை இரண்டு வாரம் கழித்து ஊற்றினேன். நேர்ப்பாதையின் முடிவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இஞ்சின் இறுகிப் பிடித்துவிட்டது.
— வாசகர், உச்சிப்புளி

நேரடி செயின் 100 சிசிக்கு 20-க்கு 1. அதாவது 5 லிட்டருக்கு 250 மில்லி. மொபெட்டுக்கு ஊற்றும் சாதாரண 2டி ஆயில் 15,000 சுற்றுக்குத் தாங்காது. ரேஸுக்கென்றே வரும் ஆமணக்கு எண்ணெய் கலந்த ஆயில் வேண்டும். மளிகைக் கடை விளக்கெண்ணெயும் ஆமணக்குதானே என்று ஊற்றுபவர்கள் உண்டு. அதில் பசை நீக்கப்படவில்லை. ரிங் காடிக்குள் அரக்குப்போல இறுகிவிடும்.

உங்கள் இஞ்சின் பிடித்ததற்கு இரண்டு காரணங்கள் கைகோத்திருக்கின்றன. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கடற்கரையில் பாதி காலியான கேனில் இரண்டு வாரம் கிடந்தால் கேட்கவே வேண்டாம். ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து கேனின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். அந்த அடிநீரில் ஆயில் இருக்காது. அன்றைக்கு வேண்டியதை அன்றைக்குக் கலந்து, மிச்சத்தை அன்றே வடித்துவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் கலவையும் செழிப்பாக வேண்டும். பழைய காலத்துப் பெட்ரோலுக்கு வைத்த அளவைவிட 7–8 சதவீதம் கூடுதலாக எரிபொருள் போக வேண்டியிருக்கும். கார்புரேட்டரின் ஹை ஊசியை (அதிக சுற்றில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு) கையேட்டு அளவிலிருந்து 1/8 சுற்று திறந்து வைத்துத் தொடங்குங்கள். மந்தமாக ஓடினால் சிறிது சிறிதாக மூடலாம். பிளக்குக்கு அடியில் வெப்பமானி இருந்தால் 200 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடாதீர்கள்.

காலை எடுத்தபோது ஏன் பிடித்தது என்பது அடுத்த காரணம். ஆக்சிலரேட்டர் மூடியதும் பெட்ரோல் நின்றது, அதோடு வரும் ஆயிலும் நின்றது. ஆனால் சக்கரம் இஞ்சினை அதே சுற்றில் இழுத்துக்கொண்டு போகிறது. கிளட்ச் இல்லாத வண்டியின் பிறவிக் குணம் இது. இதற்குத்தான் பழைய ஓட்டுநர்கள் நேர்ப்பாதை முடியுமுன் கையை நீட்டிக் கார்புரேட்டர் வாயை ஒரு கணம் பொத்துவார்கள். காற்று அடைபட்டதும் செழிப்பான கலவை உள்ளே போய்ச் சிலிண்டர் சுவர் நனைந்துவிடும். வேகம் குறைந்த சுற்றுகளில் பத்துப் பதினைந்து முறை பழகிய பிறகு வேகத்தில் செய்யுங்கள்.

பிரித்துப் போட்டதுதான் போட்டீர்கள், கிராங்க் தண்டின் ரப்பர் சீல்களையும் பாருங்கள். வருஷக்கணக்கில் சும்மா கிடந்த இஞ்சினில் சீல் காய்ந்து காற்றை உறிஞ்சும். எக்ஸாஸ்ட், கார்புரேட்டர் வாய்கள் இரண்டையும் அடைத்து, பிளக் துளை வழியே அரை பார் அழுத்தத்துக்குக் காற்று ஏற்றுங்கள். சில நிமிஷம் அழுத்தமானியின் முள் நகராமல் நின்றால் சீல் நன்றாக இருக்கிறது. இறங்கினால் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், ஓட்டையை அதுவே காட்டிக்கொடுக்கும்.

வீடு கடலிலிருந்து இருநூறு மீட்டர். மூன்று மாதம் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தேன். செயின் துருப்பிடித்து, சக்கரங்களில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. எப்படிக் காப்பாற்றுவது?
— வாசகர், மண்டபம்

முதல் வில்லன் அந்தத் தார்ப்பாய். அது உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடாது. இரவில் வியர்த்து, பகலில் வேகும். பழைய பருத்திப் போர்வை போதும். தரையில் வைக்காமல் இரண்டு அடி உயரத்தில் ஏற்றி வையுங்கள்.

வெள்ளைப் பொடி என்றால் உங்கள் சக்கரம் மக்னீசியம் கலவையாக இருக்கலாம். பழைய ரேஸ் கார்ட்டுகளில் சக்கரம், ஹப், பேரிங் பிடிப்பு ஆகியவை மக்னீசியத்தில் வந்தன. எடை குறைவு, உப்புக்கு மட்டும் ஜென்மப் பகை. பித்தளைத் தூரிகையால் பொடியைச் சுரண்டி எடுத்துவிட்டு, போல்ட் துளைகளைச் சுற்றிக் கூர்ந்து பாருங்கள். நகம் மாட்டுகிற அளவுக்குக் குழி விழுந்திருந்தால் அந்தச் சக்கரத்தைச் சுவரில்தான் மாட்டலாம். அலுமினியச் சக்கரம் போட்டு ஓட்டுவது கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

'துருப்பிடிக்காது' என்று எல்லா போல்ட்டையும் ஸ்டெய்ன்லெஸ்ஸாக மாற்றுவது கடற்கரையில் எல்லோரும் செய்யும் தவறு. போல்ட் துருப்பிடிக்காது, அதைச் சுற்றியுள்ள மக்னீசியமும் அலுமினியமும் கரையும். உப்பு ஈரம் இடையில் நின்றால் அந்த இரண்டு உலோகமும் ஒரு பேட்டரிதான். துத்தநாகம் பூசிய ஸ்டீல் போல்ட்டுக்கு இறுகிப்போகாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசை தடவிப் பூட்டி, வருஷம் ஒருமுறை மாற்றுங்கள். ஸ்டீரிங், பிரேக், சக்கரம் இவற்றுக்கு வலிமை எண் பொறித்த போல்ட் தவிர வேறு வேண்டாம்.

கழுவுவதற்குக் கிணற்று நீரையோ போர் தண்ணீரையோ தொடாதீர்கள். நம் பக்கம் பாதிக் கிணறு உப்புக் கரிக்கும். உப்பைக் கழுவ உப்பையே ஊற்றிய கதையாகிவிடும். காவிரிக் குடிநீர் அரை வாளி, நனைத்துப் பிழிந்த துணி, போதும். துடைத்து, வெயிலில் காயவிட்டு, சட்டத்தில் மெல்லிய எண்ணெய் பூசுங்கள். செயினைக் கழற்றி ஆயில் ஊற்றிய டப்பாவில் ஊறப்போட்டு வைத்துவிடுங்கள்.

இஞ்சினுக்கு: பிளக் துளையில் 10 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில் விட்டு ஆக்சிலைக் கையால் சில சுற்று சுற்றுங்கள். பிஸ்டனை மேலே நிறுத்தினால் எல்லா வழியும் மூடிக்கொள்ளும் என்பார்கள். கேடி100 போன்ற, பிஸ்டனே வழிகளைத் திறந்து மூடும் பிஸ்டன்-போர்ட் இஞ்சினில் எக்ஸாஸ்ட் வழி மூடும், கார்புரேட்டர் பக்கம் திறந்துகொள்ளும். ஆகவே இரண்டு வாயிலும் ஆயில் நனைத்த துணியை அடையுங்கள். சிவப்புத் துணியாக இருக்கட்டும். மறந்துபோய் ஸ்டார்ட் பண்ணுகிறவர்கள் உண்டு. கார்புரேட்டரின் மெல்லிய டயாஃப்ரம் சவ்வை விரலால் நீவிப் பாருங்கள். காகிதம்போலச் சரசரத்தால் மாற்றும் நேரம்.

ஒரு நாள் ஓட்டினேன். ஒரு வாரமாக விலாவில் வலி. மூச்சு இழுத்தால் குத்துகிறது. வயது 52. சீட்டிலும் ஓரத்தில் விரிசல் விட்டிருக்கிறது.
— வாசகர், ராமேஸ்வரம்

முதலில் டாக்டரிடம் போங்கள். கார்ட் ஓட்டுபவர்களுக்கு அடிக்கடி உடைவது விலா எலும்புதான். ஸ்பிரிங் இல்லாத வண்டி. திருப்பத்தில் உடம்பின் எடை முழுவதும் சீட்டின் விளிம்பில் சாய்கிறது. சீட் தளர்வாக இருந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு குத்து. ஆறிய பிறகு, விலாக் கவசம் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்துச் சீட்டின் அளவைத் தேர்ந்தெடுங்கள். இடுப்பின் இருபுறமும் கை நுழையக் கூடாது. பஞ்சு வைத்து இட்டு நிரப்புவது வேண்டாம். அது அமுங்கி, மறுபடி இடிக்கும்.

விரிசலுக்கு வெளியூர் போக வேண்டாம். ஃபைபர் படகுக்கு ஒட்டுப்போடுகிறவர் உங்கள் தெருமுனையிலேயே இருப்பார். கார்ட் சீட்டும் அதே கண்ணாடி நார், அதே ரெசின்தான். விரிசலின் முனையில் 3 மி.மீ. துளை போட்டால் மேற்கொண்டு ஓடாது. இருபுறமும் நான்கு விரல் அகலத்துக்குத் தேய்த்து, பின்பக்கம் இரண்டு அடுக்கு கண்ணாடி நார் மேட் ஒட்டச் சொல்லுங்கள். முன்பக்கம் தடிப்பு கூடினால் அதுவே விலாவைக் குத்தும். நீங்களே செய்வதானால் ஒரு எச்சரிக்கை: இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் திரவத்தை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே ஹார்டனரை ஊற்ற வேண்டும். கோபால்ட்டும் ஹார்டனரும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

கார்ட்டில் ஏன் சீட் பெல்ட் இல்லை? எனக்கு நீளமான முடி. கொண்டை போட்டு ஹெல்மெட் மாட்டினால் போதுமா?
— வாசகி, தேவிபட்டினம்

தலைக்கு மேல் கூண்டு இல்லாத வண்டியில் பெல்ட் கட்டினால், கவிழும்போது வண்டிக்கு அடியில் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். அதனால் இல்லை.

கொண்டை போதாது. முதுகுக்குப் பின்னால் திறந்த ஆக்சில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பொழுதுபோக்குத் தடங்களில் முடி அதில் சுற்றிக்கொண்டு உயிர்ப்பலி ஆனது நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. பின்னி, சட்டைக்குள் விட்டு, கழுத்து வரை மூடும் துணிக்கவசம் போட்டு, அதன்மேல் ஹெல்மெட். துப்பட்டா வண்டிப் பக்கமே வரக் கூடாது.

தனுஷ்கோடி ரோடு நேராக, நன்றாக இருக்கிறதே. விடியற்காலையில் ஓட்டிப் பார்த்தால் என்ன?
— வாசகர், பாம்பன்

கூடாது. பதிவு எண் இல்லாத வண்டியைப் பொது ரோட்டில் இறக்குவது மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 39-க்கு விரோதம். அனுமதியின்றிப் பந்தயம் விடுவது பிரிவு 189-இல் தனிக் குற்றம். சட்டத்தை விடுங்கள், அந்த ரோட்டில் காற்று மணலை வாரிப் போட்டிருக்கும். தரையிலிருந்து ஓரிரு அங்குலம் உயரத்தில் உட்கார்ந்து வருகிற உங்களைச் சுற்றுலா வேன்காரர் பார்க்கவே மாட்டார். கோவை செட்டிப்பாளையத்தின் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' தடம், சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடம் இரண்டும் தொலைவுதான். நான்கு பேர் சேர்ந்து ஒரு மினி லாரி பிடித்தால் செலவு பங்காகும், தள்ளிவிடவும் ஆள் இருக்கும்.

திருப்பத்தில் ஸ்டீரிங் திருப்பினாலும் வண்டி நேராகவே போகிறது. டயர் நன்றாகத்தான் இருக்கிறது.
— வாசகர், தொண்டி

கார்ட்டில் டிஃப்ரன்ஷியல் இல்லை. இரு பின்சக்கரமும் ஒரே ஆக்சிலில் ஒரே வேகத்தில் சுற்றுவதால், திருப்பத்தில் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டுச் சற்றே எழ வேண்டும். எழாவிட்டால் இரண்டும் சேர்ந்து வண்டியை நேராகத் தள்ளும். சீட்டை ஒரு அங்குலம் முன்னால் நகர்த்திப் பாருங்கள். அதற்கு முன் சீட் கம்பிகளின் போல்ட் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். இரு முன்சக்கரங்களுக்கும் இடையிலுள்ள இடைவெளி, அவற்றின் பின் விளிம்பைவிட முன் விளிம்பில் 2 மி.மீ. வரை அகலமாக இருக்கலாம். அதற்கு மேல் போனால் டயர்தான் தேயும்.

'டயர் நன்றாக இருக்கிறது' என்று பள்ளத்தின் ஆழத்தைப் பார்த்துச் சொல்கிறீர்கள். நகத்தை அழுத்துங்கள், தடம் பதியாவிட்டால் ரப்பர் இறுகிவிட்டது. காற்று 10 முதல் 12 பிஎஸ்ஐ. பின்னால் மட்டும் அடிக்கடி காற்று இறங்குகிறதென்றால், வண்டி நிறுத்தும் இடத்தைச் சுற்றிச் சீமைக் கருவேலம் இருக்கிறதா என்று பாருங்கள். டியூப் இல்லாத மெல்லிய டயரில் அந்த முள் முழுசாக உள்ளே போய்விடும், வெளியே தெரியாது. சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழியைத் தேடுங்கள்.