போர்முனை வீரர்களின் அனுபவத்தை ஆவணப்படத்தில் உள்ளபடி பதிவு செய்ய முடியுமா? எப்படி எடுக்கிறார்கள்?

முடியும். ஆனால் அதற்கு ஒளிப்பதிவாளர் எதிரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

சண்டைக் காட்சி என்றதும் சுடுகிறவரையும் சுடப்படுகிறவரையும் ஒரே ஷாட்டில் எதிர்பார்க்கிறோம். சினிமா பழக்கிய பழக்கம். நிஜத்தில் எதிரி பெரும்பாலும் கண்ணில் படுவதே இல்லை. தூரத்தில் ஒரு புகைக்கீற்று, பக்கத்தில் தெறிக்கும் மண், அவ்வளவுதான். அந்தத் திசையில் கேமராவைத் திருப்பினால் மரமும் புழுதியும் பதிவாகும். வீரர் படுகிற பாடு இந்தப் பக்கம் இருக்கிறது, அவர் முகத்தில், துப்பாக்கியின் தோட்டா மேகசினை மாற்றத் தடுமாறும் விரல்களில். அதை எடுக்க வேண்டுமென்றால் குண்டு வரும் திசைக்கு முதுகைக் கொடுத்தாக வேண்டும். நான் ஆவணப்பட எடிட்டர். முன்னாள் வீரர்களின் பேட்டிகளையும் அவர்கள் எடுத்துவந்த காட்சிகளையும் வெட்டி ஒட்டும் வேலை. எந்த ஃபுட்டேஜ் வந்தாலும், கேமரா எங்கே நின்றது என்றுதான் முதலில் பார்ப்பேன். பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

இந்த வகைப் படங்களின் முன்னோடியான, முதல் உலகப்போரில் பிரான்சின் சோம் பகுதியில் நடந்த சண்டையைப் பற்றிய 'சோம் போர்' (1916) நல்ல உதாரணம். ஜெஃப்ரி மாலின்ஸ், ஜான் மெக்டவல் இருவரும் கையால் சுழற்றும் கேமராவை முக்காலியில் நிறுத்தி எடுத்த பிரிட்டிஷ் படம். ஜூலை 1 காலை 7.20க்கு ஹாதோர்ன் மேட்டுக்கு அடியில் புதைத்த வெடி கிளம்புவதை மாலின்ஸ் எடுத்தது அசல். அதே படத்தில் வீரர்கள் பதுங்குகுழியிலிருந்து மேலேறிப் பாய்வதும் சிலர் விழுவதும் போர்முனைக்குப் பின்னால் இருந்த பயிற்சிக் களத்தில் நடித்துக் காட்டியது. குழியில் ஆழம் போதவில்லை, ஏறுபவர்கள் முதுகில் மூட்டை இல்லை. கேமரா நிற்கும் இடமோ, உண்மைத் தாக்குதலாக இருந்தால் முக்காலியும் ஆளும் ஒரு நிமிடம் தாங்காத இடம். வேடிக்கை என்னவென்றால், முதல் உலகப்போர் பற்றிய நிகழ்ச்சிகளில் திரும்பத் திரும்ப வருவது இந்த நடிப்புதான். எனக்கு அந்தப் படத்தில் முக்கியமானது வேறு. காயம்பட்டவரை முதுகில் சுமந்துகொண்டு குழி வழியே வரும் ஒருவர் கேமராவை ஒரு கணம் நேராகப் பார்க்கிறார். சுமக்கப்பட்டவர் அரை மணி நேரத்தில் இறந்துவிட்டதாக அதற்கு முந்தைய எழுத்தட்டை சொல்கிறது. பாய்ச்சல், வெடி எதுவும் இல்லை. அந்தப் பார்வையை யாராலும் நடித்திருக்க முடியாது.

இதையே ஒரு முழுப் படமாக நீட்டிக் காட்டியது 'ரெஸ்ட்ரெப்போ' (2010). டிம் ஹெதரிங்டனும் செபாஸ்டியன் யுங்கரும் 2007-08இல் ஆப்கானிஸ்தானின் கோரெங்கல் பள்ளத்தாக்கில் ஓர் அமெரிக்கப் பிளட்டூனோடு (சிறு படைப்பிரிவு) மலைக்காவல் அரணில் தங்கி எடுத்தது. ராணுவ ஜெனரல் பேட்டி கிடையாது, அரசியல்வாதி கிடையாது, பின்னணிக் குரலும் கிடையாது. சுடுவதைவிட சும்மா இருப்பதுதான் அதில் நிறைய: மல்லுக்கட்டுகிறார்கள், கிடார் வாசிக்கிறார்கள், பாட்டுப் போட்டு ஆடுகிறார்கள். முள்வேலியில் சிக்கிய ஒரு மாட்டை வீரர்கள் கொன்றுவிட, ஊர்ப் பெரியவர்கள் மலையேறி வந்து பணம் கேட்கிறார்கள். மாட்டின் எடைக்கு எடை அரிசி, பீன்ஸ், சர்க்கரை தருகிறோம் என்று பதில் வருகிறது. அந்தப் போர் ஏன் அப்படிப் போனது என்று விளக்க, கட்டுரைகளைவிட இந்தக் காட்சியைத்தான் நான் சிபாரிசு செய்வேன். இப்படிப்பட்டதெல்லாம் போனதும் கிடைத்துவிடாது. தொடக்கத்தில் எல்லாரும் கேமராவுக்காக நெஞ்சை நிமிர்த்துவார்கள். சலிப்பு வந்து, கேமரா இருப்பதே மறந்த பிறகுதான் வேலை ஆரம்பமாகும். ஹெதரிங்டன் அதே வீரர்கள் தூங்கும்போது தனியாகப் புகைப்படங்களும் எடுத்தார். துப்பாக்கியும் தலைக்கவசமும் இல்லாமல் படுத்திருக்கையில் பலரும் பள்ளிப் பையன்கள் மாதிரித் தெரிகிறார்கள்.

இப்போது தலைக்கவசக் கேமராவும் டிரோனும் வந்துவிட்டனவே, ஒளிப்பதிவாளர் எதற்கு என்று கேட்கிறார்கள். தலைக்கவசக் கேமரா வீரர் பார்ப்பதைக் காட்டும், அவரைக் காட்டாது. ஆளையே அழித்துவிடும் கேமரா அது. டிரோனில் மனிதர்கள் புள்ளிகள். மிஸ்டிஸ்லாவ் செர்னோவின் 'ஆந்திரிவ்காவுக்கு 2000 மீட்டர்' (2025) இந்தச் சிக்கலை நேராக எதிர்கொள்கிறது. 2023இல் பாக்முத் அருகே ஒரு கிராமத்தை மீட்க, இருபுறமும் கண்ணிவெடி புதைத்த வயல்களுக்கு நடுவே குறுகலான மரவரிசை வழியாக உக்ரைன் வீரர்கள் முன்னேறுகிறார்கள். சண்டைக் காட்சிகளில் பெரும்பகுதி அவர்களின் தலைக்கவசக் கேமராவில் பதிவானது. ஆனால் படத்தைத் தாங்குவது, குழிக்குள் உட்கார்ந்து செர்னோவ் அவர்களோடு பேசும் சாதாரணப் பேச்சு. ஒருவர் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே, இவர் சில மாதங்களில் இறந்துவிடுவார் என்று இயக்குநரின் குரல் சொல்கிறது.

ஒலியைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. ராணுவ வண்டிகளில் ரிமோட் வெடிகளைத் தடுக்க, ரேடியோ அலைகளைக் குழப்பும் ஜாமர் ஓடும், அதில் வயர்லெஸ் மைக் படுத்துவிடும். கேமரா மேல் ஒரு மைக்கை வயரோடு பொருத்தியே ஆக வேண்டும். ரெக்கார்டிங் விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்ட மறந்தால் இரவில் அது எதிரிக்கு அடையாளம்.

பேட்டிகளைக் களத்திலேயே எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அங்கே வருவது ராணுவப் பேச்சு, தப்பித்துக்கொள்ளும் பேச்சு. 'ரெஸ்ட்ரெப்போ' குழு, வீரர்கள் இத்தாலியில் இருந்த தங்கள் தளத்துக்குத் திரும்பிச் சில மாதங்கள் கழித்து அங்கே வைத்துப் பேட்டி எடுத்தது. திரை முழுக்க முகம் மட்டும். "எப்படி உணர்ந்தீர்கள்?" என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை என்பது என் அனுபவம். "அன்றைக்கு ராத்திரி பூட்ஸை எங்கே கழற்றி வைத்தீர்கள்?" என்று கேட்டால் கதை தானாக வரும். நான் எடிட் செய்த ஒரு பேட்டியில், கண்ணிவெடியில் நண்பரை இழந்தவருக்கு வெடிச்சத்தம் நினைவில்லை. நண்பரின் கையுறையில் ஒரு நூல் பிரிந்து தொங்கியதும், அதைக் கத்தரித்துவிடச் சொல்ல நினைத்ததும் நினைவிருந்தது. அதைச் சொல்லிவிட்டு நீண்ட நேரம் தன் விரல்நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனத்தை வெட்டச் சொன்னார்கள். நான் வெட்டவில்லை.

சம்மதம் என்பது இங்கே சிக்கலான சமாச்சாரம். மேலதிகாரி "எடுத்துக்கொள்ளட்டும்" என்றால் கீழே இருப்பவர் மறுப்பாரா? அதனால் களத்தில் வாங்கிய கையெழுத்தோடு நிறுத்தாமல், ஊர் திரும்பியதும் திரும்பவும் கேட்க வேண்டும். இறந்தவர் முகத்தைக் குடும்பத்துக்குத் தகவல் போகும் முன் வெளியிடக் கூடாது. அதே சமயம், அந்தரங்கம் என்ற பெயரில் ராணுவம் மறைப்பதும் உண்டு. மனம் பாதிக்கப்பட்ட வீரர்களின் சிகிச்சையை ஜான் ஹூஸ்டன் எடுத்த 'லெட் தேர் பி லைட்' (1946) படத்தை அமெரிக்க ராணுவம் 1980 இறுதி வரை வெளியே விடவில்லை. நோயாளிகளின் அந்தரங்கம் காரணம் என்றார்கள். போர் மனிதரை என்ன செய்கிறது என்று காட்டியதுதான் காரணம் என்று ஹூஸ்டன் சொன்னார். நான் ஹூஸ்டன் கட்சி.

நீங்களே போய் எடுக்கிற யோசனையில் கேட்டிருந்தால், லென்ஸ் வாங்கும் முன் முதலுதவிப் பயிற்சி எடுங்கள். ஹெதரிங்டன் 2011 ஏப்ரல் 20 அன்று லிபியாவின் மிஸ்ராத்தாவில் குண்டுச் சிதறல் பாய்ந்து, மருத்துவமனை போகும் வழியில் ரத்தம் வடிந்து இறந்தார். கூட இருந்தவர்களுக்கு ரத்தத்தைக் கட்டுப்படுத்தத் தெரிந்திருந்தால் பிழைக்க வாய்ப்பிருந்திருக்கலாம் என்று அறிந்த யுங்கர், எந்த நிறுவனத்தையும் சாராமல் களம் போகும் செய்தியாளர்களுக்கு அந்தப் பயிற்சியைக் கொடுக்கும் 'ரிஸ்க்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டையான டூர்னிக்கெட் ஒன்றை ஒற்றைக் கையால் கட்டப் பழகி, கேமராப் பைக்குள் வைக்காமல் உடம்பிலேயே, எந்தக் கைக்கும் எட்டும் இடத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.