தலைவரை நடுவில் நிறுத்திப் பாருங்கள்

கேள்வி: பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்திருக்கிறேன். பல கணினிகள் கூடி ஒரே வேலையைச் செய்யும் டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸில் எம்.டெக். படிக்க ஆசை. "அதற்குப் பெரிய லேப் வேண்டும், பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்?" என்கிறான் அண்ணன். என்ன செய்யலாம்?
- வாசகி, பாம்பன்

பதில்: தாராளமாகப் படிக்கலாம். பெரிய லேப் இருந்தால் நல்லதுதான். அது கல்லூரியில் சேர்ந்த பிறகு வரட்டும்.

உங்கள் ஊர்க் கதையிலிருந்தே வருகிறேன். கடலுக்குப் போன படகு சொன்ன நேரத்துக்குக் கரை திரும்பவில்லை. வாக்கிடாக்கியில் கூப்பிட்டால் பதில் இல்லை. பேட்டரி தீர்ந்ததா, இன்ஜின் நின்றதா, வெகுதூரம் போய்விட்டார்களா, இல்லை வேறு ஏதாவதா? கரையில் நிற்பவருக்குத் தெரியாது. ஆனாலும் எவ்வளவு நேரம் பொறுப்பது, எப்போது தேடப் போவது என்று முடிவெடுத்தாக வேண்டும்.

இந்தப் படிப்பில் முக்கால்வாசி இதுதான். பதில் சொல்லாத கணினி நின்றுவிட்டதா, மெதுவாக இருக்கிறதா என்று மற்றவற்றுக்குத் தெரியாது. செய்தி வந்துசேர இத்தனை நேரம்தான் ஆகும் என்ற வரம்பு இல்லாத இடத்தில், ஒரே ஒரு கணினி நின்றுபோகக்கூடும் என்றாலே போதும். பகடை உருட்டுவதுபோல் தற்செயலைச் சேர்த்துக்கொள்ளாத எந்த வழிமுறையாலும் எல்லாக் கணினிகளையும் ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தே தீருவேன் என்று உறுதி தர முடியாது. 1985-ல் ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் இதை நிரூபித்துவிட்டார்கள்.

அப்படியானால் நடைமுறையில் எப்படி ஓடுகிறது? கரைக்காரர்கள் செய்வதைத்தான் செய்கிறார்கள். ஒரு கெடு வைப்பது, அதற்குள் சத்தம் வராவிட்டால் ஆள் இல்லை என்று வைத்துக்கொண்டு, பெரும்பான்மை சேர்ந்து வேறு தலைவரை, அதாவது மற்றவற்றை வழிநடத்தும் கணினியை, தேர்ந்தெடுப்பது. 2014-ல் வெளியான ராஃப்ட் கட்டுரை இந்த வழியைத்தான் விவரிக்கிறது. எளிதில் புரியவேண்டும் என்றே உருவாக்கியது அது. முதலில் அதை வாசியுங்கள்.

அப்புறம் அந்தப் பழைய லேப்டாப்பில் மூன்று டெர்மினல் திறந்து, அந்தக் கட்டுரைப்படி நீங்கள் எழுதிய புரோகிராமை டெர்மினலுக்கு ஒன்றாக மூன்று ஓடவிடுங்கள். தலைவரானதை நடுவில் நிறுத்துங்கள். மீதி இரண்டும் கூடிப் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றனவா? இரண்டாவதையும் நிறுத்துங்கள். மூன்றில் ஒன்று பெரும்பான்மை ஆகாது, அதனால் இப்போது தனியாக நிற்பது எதையும் உறுதிசெய்யக் கூடாது. செய்தால் எங்கோ தப்பு செய்திருக்கிறீர்கள். அந்தத் தப்பைத் தேடும் நாலு ராத்திரியில் கற்பது அதிகம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தரும் இந்தப் பாடத்தின் வீடியோக்களும் பயிற்சிகளும் இலவசம். ராஃப்டைக் கோ (Go) என்ற புரோகிராமிங் மொழியில் நாமே எழுதுவதும் அவற்றில் உண்டு. ஆறு வாரத்தில் கிளவுட் நிபுணர் ஆக்குகிறோம் என்பவர்களிடம் மட்டும் பணம் கட்டிவிடாதீர்கள்.

எம்.டெக். சேர எழுதும் கேட் (GATE) தேர்வின் கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளில் இது தனிப் பாடமாக இல்லை. ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், அல்காரிதம் மூன்றும் உண்டு. அவை மூன்றும் இதற்கும் அஸ்திவாரம். கேட் மதிப்பெண்ணில் முழுநேர எம்.டெக். சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை இருக்கிறது. அண்ணனிடம் ராஃப்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைச் சொல்லுங்கள்.