மிஸ்ஸியைக் கேளுங்கள்: பாயோடு ஒட்டினவர்கள்

கேள்வி: மட்டக்களப்புக்குப் போகிற ஆண்களை மருந்து போட்டு, ஊர் திரும்பவிடாமல் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அந்த மருந்தின் பெயர் என்ன மிஸ்ஸி?
– குறும்பு வாசகர், பருத்தித்துறை

பதில்: முப்பது வருடத்துக்கு மேல் மருத்துவமாது வேலை பார்த்தவளிடம் மருந்து கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இரும்புச்சத்துக் குளிசையும் போலிக் அமிலமும்தான். ஆனால் அப்படி ஒட்டின ஒருவர் என் வீட்டிலேயே இருக்கிறார். 1977இல் சாவகச்சேரியில் இருந்து நீர்ப்பாசனக் கந்தோருக்கு கிளாக்கராக வந்தவர். இன்னும் போகவில்லை. என் அம்மா சோற்றில் எதையோ கலந்துவிட்டதாக அவருடைய தாயார் கண்மூடும்வரை நம்பினா. அம்மா என்ன செய்தா என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன். உங்களைவிட அந்தத் தம்பிக்குத்தான் அது தேவை.

கேள்வி: எனது ஊர் கொக்கட்டிச்சோலைப் பக்கம். கல்லடியில் திருமணம் முடித்து, நமது வழக்கப்படி மனைவியின் வீட்டில் இருக்கிறேன். பதினான்கு மாதம் ஆகிறது. மாமி நண்டில் பெரிய காலை எனக்குத்தான் போடுவா. நான் ஒரு வாளி தண்ணீர் தூக்கவும் விடமாட்டார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் இரவில் தண்ணீர் குடிக்க எழும்பினால் சத்தம் போடாமல் நடக்கிறேன். மண்முனைப் பாலம் தாண்டி அம்மாவைப் பார்க்கப் போனால் அது இப்போது தங்கச்சியின் வீடு. என் அறையில் அவளுடைய பிள்ளையின் தொட்டில். எது என் வீடு மிஸ்ஸி?
– பெயர் வேண்டாம், கல்லடி

பதில்: தம்பி, உங்களுக்கு வந்திருப்பது நோய் இல்லை. நமது பக்கத்து ஆண்களுக்குக் காலம் காலமாக வருவது. வெளியில் சொல்லுகிறவர்கள் குறைவு, அவ்வளவுதான்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் தமிழர், முஸ்லிம்கள் இரு பகுதியாரிடமும் குடி என்ற வம்சப் பிரிவு உண்டு. அது தாய்வழியாக, வயிற்றுவாராக வரும். ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும், ஆண் அங்கே போய் இருப்பான். 1970களில் டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் இருந்து இதையெல்லாம் எழுதியிருக்கிறார். ஆனால் இரவில் சத்தமில்லாமல் நடக்கிற மருமகன்மாரைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் நான் பார்க்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். மனைவியின் குடி வேறு, உங்கள் குடி வேறு. நாளைக்குப் பிறக்கப்போகிற பிள்ளையும் அவளுடைய குடிதான். அந்த வீட்டில் குடிக்கணக்குப்படி நீங்கள் கடைசிவரைக்கும் வெளியாள். என் வீட்டுக்காரருக்கோ இங்கே குடியே கிடையாது! எங்கள் குடித் திருவிழாவுக்கு அவர்தான் முன்னுக்கு நின்று தோரணம் கட்டுவார், ஆனால் கணக்கில் பெயர் வராது. ஆகவே இரத்தமோ உறுதிப்பத்திரமோ உங்களை அந்த வீட்டுக்காரன் ஆக்காது. வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

எங்களுக்குக் கிடைத்த வழி 1978 நவம்பர் 23ஆம் திகதி வந்த சூறாவளி. அதற்கு முன் ஒரு வருடமாக இவர் எங்கள் களுவாஞ்சிகுடி வீட்டில் கதிரையில் இருந்தார். அம்மா அவரோடு நேரே கதைக்கமாட்டா. "அவருக்குத் தேத்தண்ணி குடு", "அவர் குளிச்சிட்டாரா கேள்" என்று என்னிடம்தான் சொல்வா. மீன் தலை அவருக்கு, தயிர்ச்சட்டியின் மேல் ஆடை அவருக்கு. அது அன்பா என்று கேட்டால் பாதி அன்பு, பாதி பயம். மருமகன் கோவித்துக்கொண்டு போய்விட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம்.

அன்றிரவு கட்டிலுக்குக் கீழே எல்லோரும் ஒடுங்கிக் கிடந்தோம். விடியப் பார்த்தால் கூரையில் ஓடு இல்லை. வளவில் நின்ற தென்னைகளில் நாலு மிச்சம். மறுகா மூன்றாம் நாள், விழுந்த ஓலையைக் கிழித்து ஊறப்போட்டு நானும் அம்மாவும் கிடுகு பின்னிக்கொண்டு இருக்கிறோம். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார். அம்மா நிமிர்ந்து பார்த்தா. "நிண்டு பாக்காம வந்து பின்னு மனே" என்றா. ஒரு வருடத்தில் அம்மா அவரிடம் நேரே சொன்ன முதல் வார்த்தை அது. எனக்கு உயிரே போய்விட்டது.

இவர் வந்து இருந்தார். சாவகச்சேரிக்காரனுக்குக் கிடுகு பின்னத் தெரியாதா? வேலி முழுக்கக் கிடுகு கட்டி வளர்ந்த ஊர். எங்களைவிட நெருக்கமாகப் பின்னினார். அம்மா என்னுடையதை எடுத்து அவருடையதுக்குப் பக்கத்தில் வைத்து, "பாருடி இவளே" என்று என்னை ஏசினா. அன்றைக்குப் பின்னேரம் இவர் கேட்காமலே அடுப்படிக்குள் போய்ப் பானையைத் திறந்து பார்த்தார்.

பிற்காலத்தில் அம்மா படுக்கையில் கிடந்த மூன்று மாதமும் "மகனைக் கூப்பிடு" என்று சொன்னால் அது என் அண்ணனை அல்ல. (அண்ணனுக்கு இதில் இன்னும் மனக்குறை. இதை வாசித்தால் போன் எடுப்பான்.)

உங்கள் மாமி நல்லவ. ஆனால் நன்றாகக் கவனிக்கப்படுகிறவர் விருந்தாளியாகவும் இருக்கலாம். உங்களைக் கவனிக்க மட்டும் தெரிந்த வீட்டில், நீங்கள் கவனிப்பதற்கும் ஏதாவது இருக்க வேண்டும். அனுமதி கேட்காதீர்கள், கேட்டால் "வேணாம் மருமகன்" என்றுதான் பதில் வரும். மாமியின் வயதுக்குக் கட்டாயம் பிறசரோ சீனியோ இருக்கும், மாதத்தில் ஒரு கிளினிக் நாள் இருக்கும். அன்றைக்கு லீவு போடுங்கள். கிளினிக் கொப்பியை நீங்களே வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் இருங்கள். காலை ஆறரைக்குப் போனால் மத்தியானம்வரை அந்த வாங்கில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். கதைக்காமல் முடியாது. இரண்டு மூன்று தடவை போனபிறகு மாமி உங்களை ஏதாவது சொல்லி ஏசுவா. ஏசினால் சந்தோஷப்படுங்கள்.

தங்கச்சி வீட்டுக்குப் போவதையும் விடவேண்டாம். அந்தத் தொட்டிலை ஆட்டிவிட்டு வாருங்கள், தாய்மாமன் ஆட்டாமல் யார் ஆட்டுவது?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் மிஸ்ஸி. நான் இரண்டு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்து ஒன்றரை மாதம். போகும்போது மகளுக்கு இரண்டரை வயது. உம்மாதான் வளர்த்தா. இப்போது மகள் என்னிடம் வருகிறாளில்லை. கிட்டப்போனால் உம்மம்மாவின் சேலைக்குள் ஒளிக்கிறாள். பொம்மை, சொக்லட், உடுப்பு என்று எவ்வளவோ கொண்டுவந்தேன். வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறாள். அங்கே நான் பார்த்த முதலாளியின் பிள்ளை நான் இல்லாமல் நித்திரை கொள்ளாது. என் பிள்ளைக்கு நான் யாரோ. இந்த வீட்டில் எனக்கு இடமே இல்லாத மாதிரி இருக்கிறது.
– ஒரு தாய், நிந்தவூர்

பதில்: வஅலைக்கும் ஸலாம் மகள். உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டாம் தரம் அந்தக் குவைத்துப் பிள்ளையில் வந்து நின்றுவிட்டேன்.

முதலில், உங்கள் மகள் செய்வது வெறுப்பு இல்லை. இங்கிலாந்தில் ஜோன் போல்பி, ஜேம்ஸ் றொபேர்ட்சன் என்ற இருவர், தாயைப் பிரிந்து ஆஸ்பத்திரியில் விடப்பட்ட சின்னப் பிள்ளைகளை 1950களை ஒட்டி நெடுநாள் கவனித்தார்கள். பிள்ளை முதலில் கத்தி அழும். பிறகு சோர்ந்து கிடக்கும். அதன்பிறகு சாதாரணமாகிவிட்ட மாதிரித் தெரியும். ஆனால் தாய் வந்து நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உங்கள் மகளும் முதல் மாதங்களில் அழுதிருப்பாள். உம்மா அதை உங்களுக்குப் போனில் சொல்லியிருக்கமாட்டா. உம்மம்மா இருந்தபடியால் அவள் ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது உங்கள் அதிர்ஷ்டம். அந்தப் பிடியைக் கழற்ற நினைக்காதீர்கள். தனியே உங்களோடு படுக்க வைக்கிற வேலையும் இப்போது வேண்டாம்.

இப்போது அந்த முதலாளியின் பிள்ளைக்கு வருவோம். நீங்கள் அதற்குப் பொம்மை வாங்கிக் கொடுத்தா பழக்கினீர்கள்? குளிப்பாட்டினீர்கள், ஊட்டினீர்கள், இரவில் அழுதால் எழும்பினீர்கள். ஒவ்வொரு நாளும், அதே நேரத்துக்கு, அதே கை. உங்களுக்கு இந்த வேலை தெரியும் மகள். என்னைவிட நன்றாகத் தெரியும்.

உம்மாவிடம் கதைத்து ஒரேயொரு வேலையை உங்கள் கைக்கு எடுங்கள். கிணற்றடியில் குளிக்க வார்ப்பது என்று வையுங்கள். முதல் கிழமை உம்மா வார்க்கட்டும், நீங்கள் துவாய் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். அடுத்த கிழமை உம்மா துவாய் பிடிக்கட்டும். பிள்ளை கத்தினால் விட்டுவிட்டு மறுநாள் அதே நேரத்துக்குத் திரும்ப நில்லுங்கள். "நான்தான் உன்ட உம்மா" என்று சொல்லிக் காட்டவேண்டாம். அது பிள்ளைக்குப் பரீட்சை வைப்பது. சொக்லட் பெட்டியை அலுமாரியில் பூட்டுங்கள். பிள்ளை ஏதாவது கேட்டு வந்தால், "உம்மாக்கிட்டக் கேளு புள்ள" என்று உம்மம்மா சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு உதவியை உங்கள் உம்மாவைத் தவிர வேறு எவராலும் செய்ய முடியாது.

நான் வீடு வீடாகப் போன காலத்தில் இப்படிப் பல வீடு பார்த்தேன். ஒன்றரை மாதம் ஒரு கணக்கே இல்லை. ஆனால் பிள்ளை சாப்பாட்டையும் நித்திரையையும் கதையையும் குறைத்துக்கொண்டு போனால் பேசாமல் இருக்காதீர்கள், உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். அவ சரியான இடத்துக்கு அனுப்புவா.

கேள்வி: வயது 76. கணவர் இல்லை. மகனும் மகளும் கனடாவில். தினமும் பின்னேரம் வட்சப்பில் முகம் காட்டுவார்கள், காசு அனுப்புவார்கள், ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் பார்ப்பார்கள். குறையில்லை. ஆனால் போனை வைத்தபிறகு வீடு இன்னும் பெரிதாகிவிடுகிறது. கோயிலில், கடையில் ஆட்களைக் காண்கிறேன், கதைக்கிறேன். அதுவும் போதவில்லை. நான் ஆருக்கும் தேவையில்லாத ஆளோ என்று யோசனை.
– ஒரு தாயார், திருக்கோவில்

பதில்: அக்கா, நீங்கள் எழுதினதை றோய் பௌமெய்ஸ்டர், மார்க் லியரி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1995இல் ஒரு பெரிய கட்டுரையாக எழுதினார்கள். மனிதருக்கு "நான் இந்த இடத்து ஆள்" என்ற எண்ணம் வர இரண்டு சேர வேண்டுமாம்: அடிக்கடி காண்பதும், காண்கிறவர் நம்மில் நிலையான அக்கறை வைத்திருப்பதும். ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் மனம் நிறையாது. உங்கள் பிள்ளைகளிடம் அக்கறை உண்டு, ஆள் இல்லை. கடையில் ஆள் உண்டு, அக்கறை இல்லை. இரண்டு அரை சேர்ந்து ஒன்றாகவில்லை.

இது சும்மா மனக்கவலைதானே என்று தள்ளவும் முடியாது. 2010இல் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்பவரும் கூட்டாளிகளும் 148 ஆய்வுகளை, 3 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களின் விபரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். உறவு பலமாக உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 வீதம் கூட என்று வந்தது.

நான் கண்டது ஒன்று. 2004 டிசம்பர் 26 கடல் வந்தபிறகு ஒரு பள்ளிக்கூட முகாமில் எனக்கு வேலை. அங்கே ஒரு கிழவி. வீட்டில் ஒருவரும் மிச்சமில்லை. எல்லோரும் போய் ஆறுதல் சொன்னோம், சாப்பாடு கொடுத்தோம். அவ சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தா. ஒருநாள் தண்ணீர் பவுசர் வந்து பெண்கள் எல்லோரும் வாளியோடு ஓடினபோது, ஒருத்தி அவசரத்தில் தன் கைப்பிள்ளையை அந்தக் கிழவியின் மடியில் போட்டுவிட்டு ஓடினாள். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. மறுநாள் இன்னும் இரண்டு பிள்ளை. ஒரு கிழமையில் முகாம் முழுக்க "பெத்தா எங்க, பெத்தா எங்க" என்று தேடினார்கள். அவவின் துக்கம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன், இரவில் அழுவா. ஆனால் பவுசர் சத்தம் கேட்டால் எழும்பி இருந்து மடியை விரிப்பா.

உங்கள் பக்கத்து வீடுகளில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிற தாய் தகப்பன் இல்லாமலா இருக்கும்? பள்ளி விட்டு வருகிற பிள்ளை அவர்கள் வரும்வரை உங்கள் திண்ணையில் இருந்து கொப்பி எழுதட்டும். தேத்தண்ணியும் விசுக்கோத்தும் கொடுங்கள். நீங்களே போய்ச் சொல்லுங்கள். உங்களை உபத்திரவப்படுத்தக் கூடாதென்று அவர்கள் கேட்காமல் இருப்பார்கள். கனடாப் பிள்ளைகளிடமும் ஒன்று சொல்லுங்கள்: காசு அனுப்பினால் மட்டும் போதாது, ஏதாவது கேட்கவும் வேண்டும். மகள் கறித்தூள் எப்படி வறுப்பதென்று உங்களிடம் கேட்கட்டும். நீங்கள் ஏசி ஏசிச் சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: நான் ஹற்றன். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். போடிங் வீட்டு அன்ரி நல்லவ. ஆனாலும் அறைக்கதவைச் சாத்திவிட்டுத்தான் இருக்கிறேன். பழகிவிடுமா?
– மாணவி

பதில்: சாத்திய கதவுக்குள் இருந்தால் பழகாது பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அன்ரி புட்டுக்குக் குழைக்கும்போது அடுப்படியில் போய் இருந்து தேங்காய் திருவிக் கொடுங்கள். திருவலை எங்கே இருக்கிறதென்று கேட்காமல் எடுக்கிற நாளைக்கு எனக்கு எழுதுங்கள்.