பவளத் தொட்டிக்குக் கால்சியம்: சுண்ணாம்புத் தெளிவா, டூ-பார்ட்டா, ரியாக்டரா?

கேள்வி: ஐயா, 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் ஆக்ரோபோரா, மோன்டிபோரா என்று கல் பவள வகைகளில் நாற்பது துண்டுகள் வளர்க்கிறேன். தினமும் காலையில் 10 கிராம் கால்சியம் குளோரைடு கரைத்து ஊற்றுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் 30 கிராம் சமையல் சோடா. கால்சியம் 480 பிபிஎம் (பத்து லட்சத்தில் 480 பங்கு) காட்டுகிறது. ஆல்கலினிட்டி (தண்ணீரிலுள்ள கார்பனேட், பைகார்பனேட் இருப்பு; டிகேஎச் அதன் அலகு) ஞாயிறு மாலை 9.5 டிகேஎச், அடுத்த சனிக்கிழமை 6.2. ஆக்ரோபோரா நுனிகள் வெளுத்துச் சதை உரிகிறது. ஹீட்டர் மேல் வெள்ளையாகக் கெட்டிப் படிகிறது. நாளுக்கு 4 லிட்டர் ஆவியாகிறது. சுண்ணாம்புத் தண்ணீருக்கு மாறலாமா, டூ-பார்ட்டை முறையாகச் செய்தால் போதுமா, ரியாக்டரே வாங்கிவிடலாமா?

பதில்: எந்த முறை என்பதைப் பிறகு பார்ப்போம். உங்கள் பவளத்துக்குக் கால்சியம் பற்றாக்குறையே இல்லை. கடல்நீரில் இருப்பதே 410, 420 பிபிஎம்தான், உங்களிடம் 480 இருக்கிறது. ஆட்டம் காண்பது ஆல்கலினிட்டி.

பவளம் எலும்புக்கூடு கட்டும்போது இரண்டையும் ஒரே கணக்கில்தான் எடுக்கும். 20 பிபிஎம் கால்சியம் குறைந்தால் ஆல்கலினிட்டி 2.8 டிகேஎச் குறையும். அதாவது 1 டிகேஎச்சுக்கு 7 பிபிஎம். உங்கள் தொட்டியில் ஆறு நாளில் 3.3 இறங்கியிருக்கிறது, நாளுக்கு 0.55. அதற்கு ஈடான கால்சியம் 4 பிபிஎம் மட்டுமே. நீங்கள் ஊற்றும் 10 கிராம் (நீர் சேர்ந்த டைஹைட்ரேட் வகை என்றால்) 300 லிட்டரில் 9 பிபிஎம் ஏற்றும். தேவைக்கு இரண்டு பங்குக்கு மேல் போடுகிறீர்கள்.

கால்சியம் பெரிய குதிர், ஆல்கலினிட்டி சின்னப் பானை. ஒரு நாள் செலவான 4 பிபிஎம் 420-இல் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, சோதனைக் கிட்டில் அது தெரியவே தெரியாது. அதே நாளில் ஆல்கலினிட்டி நூற்றுக்கு ஏழு பங்கு போய்விடுகிறது. அதனால் தினமும் அளக்க வேண்டியது ஆல்கலினிட்டியைத்தான். கால்சியத்தை வாரம் ஒரு முறை பார்த்தால் தாராளம்.

நுனி வெளுத்ததற்கு ஞாயிற்றுக்கிழமைதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆறு நாள் பட்டினி போட்டுவிட்டு ஒரே வேளையில் 3.3 டிகேஎச் ஏற்றுகிறீர்கள். ஒரு நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஏறினாலே ஆக்ரோபோரா முகம் சுளிக்கும். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் இன்னும் மோசம், அதையும் ஒரு முறை பாருங்கள். ஹீட்டர் படிவும் இதன் தம்பிதான். கால்சியம் 480-இல் நிற்கும் தண்ணீரில் சோடாவை மொத்தமாகக் கொட்டினால் இரண்டும் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகி, சூடான இடத்தைத் தேடி ஒட்டும். மெக்னீசியம் அளவை நீங்கள் எழுதவேயில்லை. அது 1,250 முதல் 1,350 வரை இருக்க வேண்டும். படிகம் வளர்வதைத் தடுத்து வைப்பது மெக்னீசியம்தான். அது குறைந்திருந்தால் எந்த முறைக்கு மாறினாலும் படிவு நிற்காது.

இனி முறைகளுக்கு வருவோம். சுண்ணாம்புத் தெளிவு என்பது கால்சியம் ஹைட்ராக்சைடைத் தண்ணீரில் கரைத்து எடுப்பது. இதில் கால்சியமும் ஆல்கலினிட்டியும் பவளம் கேட்கும் அதே விகிதத்தில் இருக்கும், வேறு எச்சம் மிஞ்சாது. எனக்குப் பிடித்த முறை இதுதான், பக்கச்சார்பு என்றாலும் சரி. பிஎச்சையும் தூக்கிவிடும். இரவில் தொட்டியின் பிஎச் இறங்கும் நேரம் பார்த்துச் சொட்டவிட்டால் இரட்டை லாபம். இதற்கு ஒரு வரம்பு உண்டு. ஆவியான தண்ணீருக்குப் பதிலாகத்தான் இதை ஊற்ற முடியும், லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்கு மேல் பெரிதாகக் கரையாது. உங்கள் 4 லிட்டரில் முழு வலுவில் 6 கிராம் போகும், அது 1.5 டிகேஎச் தரும். உங்கள் செலவு இப்போது அதில் பாதிக்கும் கீழே. காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் ஆவியாவது குறையும், ஊற்றும் தெளிவும் குறையும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

தயாரிப்பதைச் சொல்கிறேன். மூடியுள்ள கேனில் ஆர்ஓ தண்ணீர் பிடித்து, பொடியைப் போட்டு ஒரு முறை குலுக்கி வையுங்கள். பால்போல் இருப்பது சில மணி நேரத்தில் அடியில் படிந்து, மேலே கண்ணாடியாகத் தெளியும். அந்தத் தெளிவு மட்டும்தான் தொட்டிக்கு. மேற்பரப்பில் மெல்லிய ஆடை கட்டினால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வீரியத்தைத் தின்கிறது என்று அர்த்தம், மூடியை இறுக்குங்கள். அடி வண்டலை உறிஞ்சாதபடி குழாய் நுனியை இரண்டு விரற்கடை உயர்த்திக் கட்டுங்கள். தெளிவின் பிஎச் 12-க்கு மேல் என்பதால் கையுறையும் கண்ணாடியும் போடாமல் பொடியைத் தொடாதீர்கள். சுவருக்கு வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு வேண்டாம், அதில் என்னென்ன கலந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். என் தொட்டியில் ஒரு முறை மிதவை வால்வு சிக்கிக்கொண்டு, கேனில் இருந்தது முழுவதும் ஓர் இரவில் இறங்கிவிட்டது. காலையில் பனிமூட்டம்போல் வெள்ளை, பவளங்கள் எல்லாம் சதையை உள்ளிழுத்துச் சுருண்டு கிடந்தன. அன்றிலிருந்து வால்வை நம்புவதில்லை. டைமரில் ஓடும் சிறு டோசிங் பம்ப், கேனில் ஒரு நாள் அளவு மட்டும். எது சிக்கினாலும் சேதம் அந்த 4 லிட்டரோடு நிற்கும்.

டூ-பார்ட் நீங்கள் அரைகுறையாகச் செய்துகொண்டிருப்பதுதான். கால்சியம் குளோரைடு ஒரு பாட்டில், சோடா ஒரு பாட்டில், இரண்டையும் சமமாக, தினமும், வேறு வேறு நேரத்தில் ஊற்றுவது. ஆவியாதலை நம்பாததால் எவ்வளவு தேவையோ அவ்வளவு கொடுக்கலாம். குறை, பின்னால் மிஞ்சும் சாப்பாட்டு உப்பு. உங்கள் தொட்டி நாளுக்கு 1 டிகேஎச் செலவழித்தால் ஓராண்டில் 2 கிலோவுக்கு மேல் சோடியம் குளோரைடு சேரும். அடிக்கடி தண்ணீர் மாற்றி, உப்பளவை ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்துக்கொண்டால் சமாளிக்கலாம். இந்த எச்சத்தைச் சரிக்கட்டத்தான் ஜெர்மனியின் ஹான்ஸ்-வெர்னர் பால்லிங் பெயரில் வழங்கும் முறையில் சோடியம் குளோரைடு இல்லாத கடல் உப்பைச் சேர்க்கிறார்கள்.

ரியாக்டர் இப்போது வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு செலுத்தி, பிஎச்சை 6.5 அளவுக்கு இறக்கிப் பவளக் கற்களைக் கரைக்கும் கருவி அது. பெரிய தொட்டி, கனத்த கல் பவளம் என்றால் அதை அடிக்க ஆளில்லை. நாற்பது துண்டுக்கு சிலிண்டர், ரெகுலேட்டர், குமிழி எண்ணிக்கை என்று மல்லுக்கட்டுவது வீண், தொட்டியின் பிஎச்சையும் இழுத்து இறக்கும்.

சுண்ணாம்புக்கு இன்றே தாவிவிடாதீர்கள். அது இரண்டையும் சமமாகத் தருவதால் உங்கள் 480 அப்படியே நிற்கும். முதலில் கால்சியம் குளோரைடை நிறுத்துங்கள். வாரத்துக்கு ஒரு முறை போட்ட 30 கிராம் சோடாவுக்குப் பதில் நாளுக்கு 5 கிராம் எடுத்து, ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, நீரோட்டம் உள்ள இடத்தில் மெல்ல ஊற்றுங்கள். ஒரே நேரத்தில் அளந்து, ஆல்கலினிட்டி 8-ஐ ஒட்டி நிற்கும்படி அரை, ஒரு கிராம் கூட்டிக் குறையுங்கள். நாளுக்கு 4 பிபிஎம் வீதம் இறங்கி, இரண்டு வாரத்தில் கால்சியம் 420-க்கு வந்துவிடும். அப்போது சோடாவை நிறுத்திவிட்டு, 4 லிட்டருக்கு 3 கிராம் என்று பாதி வலுவில் சுண்ணாம்புத் தெளிவைத் தொடங்குங்கள், அது 0.75 டிகேஎச் தரும். துண்டுகள் பருக்கப் பருக்க வலுவைக் கூட்டலாம். 6 கிராமும் போதாத நாள் வரும்போது, குறைவதை மட்டும் டூ-பார்ட்டில் நிரப்புங்கள்.

தெளிவில் மெக்னீசியம் கிடையாது. மாதம் ஒரு முறை அளந்து, குறைந்தால் மெக்னீசியம் குளோரைடு சேருங்கள். ஸ்ட்ரான்ஷியம், அயோடின் பாட்டில்களைத் தொட வேண்டாம். அளக்காத பொருளை ஊற்றக்கூடாது, தண்ணீர் மாற்றும்போது தேவையானது வந்துவிடும்.

ஹீட்டர் படிவைக் கத்தியால் சுரண்டாதீர்கள், கண்ணாடி உடையும். மின்சாரத்தை நிறுத்தி, ஆறவிட்டு எடுத்து, கண்ணாடிப் பகுதியை மட்டும் வினிகரில் ஊறவைத்தால் நுரைத்துத் தானே கரையும். நன்றாகக் கழுவிவிட்டுத் திரும்ப வையுங்கள்.