ஆசிட் மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவாதீர்கள்

கேள்வி: டாக்டர், எனக்கு 36 வயது. திண்டுக்கல் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். எங்களுக்குப் போர் தண்ணீர்தான். பாத்ரூம் டைல்ஸ், குழாய் எல்லாம் உப்புப் படிந்து வெள்ளை வெள்ளையாகிவிடும். போன ஞாயிற்றுக்கிழமை ஆசிட் ஊற்றித் தேய்த்தேன். கறை முழுசாகப் போகவில்லையே என்று, ஈரத்தின் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவினேன். குப்பென்று நெடி கிளம்பியது. கண்ணில் நீர் கொட்டி, தொண்டை எரிந்து, மூச்சு அடைத்துவிட்டது. கதவைத் திறந்து வெளியே ஓடி வந்தேன். ஐந்து நாளாகியும் இருமல் நிற்கவில்லை. ராத்திரியில் நெஞ்சு இறுகி, விசில் மாதிரி சத்தம் வருகிறது. இது தானாகச் சரியாகிவிடுமா? தினமும் வீட்டைச் சுத்தம் செய்ய எதைத்தான் வாங்குவது? எலுமிச்சை, ஆப்ப சோடா போன்றவையே போதும் என்கிறார்களே, உண்மையா? வீட்டில் இரண்டு வயதுப் பையனும் ஆஸ்துமா உள்ள மாமியாரும் இருக்கிறார்கள்.
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முதலில் உங்கள் இருமலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐந்து நாள் கழித்தும் ராத்திரியில் நெஞ்சு இறுகுகிறது, விசில் சத்தம் வருகிறது என்றால், தானாகச் சரியாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நாளைக்கே ஒரு மருத்துவரைப் பாருங்கள். முடிந்தால் நுரையீரல் மருத்துவரிடமே போங்கள். இருமல் மருந்து வாங்கிக் குடித்துச் சமாளிக்கும் விஷயம் இல்லை இது. என்ன நடந்தது என்பதை அப்படியே சொல்லுங்கள்: "ஆசிட் மேல் பிளீச்சிங் பவுடர் போட்டேன், புகையை இழுத்துவிட்டேன்." இதைச் சொல்லாமல் "சளி, இருமல்" என்று மட்டும் சொன்னால், தேவையில்லாத ஆன்டிபயாட்டிக் எழுதப்பட்டு நாள் போய்விடும்.

நீங்கள் சுவாசித்தது குளோரின் வாயு. பாத்ரூம் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிளீச்சிங் பவுடருக்குள் குளோரின் கட்டுண்டு இருக்கிறது. அமிலம் பட்ட நொடியில் அது விடுபட்டு வாயுவாக வெளியே வரும். முதல் உலகப் போரில், 1915இல் பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே படைவீரர்கள் மீது திறந்துவிடப்பட்டது இதே வாயுதான். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நான்கடிக்கு ஆறடி பாத்ரூமில், ஜன்னல் என்ற பெயரில் ஒரு சின்ன வென்டிலேட்டர் மட்டும் இருக்கும் இடத்தில், இது எவ்வளவு வேகமாகச் சேரும் என்று உங்களுக்குப் புரிய வேண்டும். குளோரின் காற்றைவிடக் கனமானது. தரையோடு தங்கும். குனிந்து உட்கார்ந்து தேய்ப்பவர் முகத்துக்கு நேராக அது நிற்கும்.

இந்த வாயு மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் எங்கெங்கே ஈரம் இருக்கிறதோ அங்கெல்லாம் அமிலமாக மாறிப் புண்ணாக்குகிறது. லேசாகப் பட்டவர்களுக்கு ஓரிரு நாளில் ஆறிவிடும். அதிகம் இழுத்தவர்களில் சிலருக்கு அந்த ஒரு தடவையிலேயே மூச்சுக்குழாய் ஆஸ்துமாபோல நடந்துகொள்ள ஆரம்பித்து, மாதக்கணக்கில் தொடரும். உங்களுக்கு இதுதான் என்று பரிசோதிக்காமல் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் எழுகிறது. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்ப்பது, மார்பு எக்ஸ்-ரே, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி ஆகிய பரிசோதனைகள் தேவைப்படும். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். "இன்ஹேலர் பழகிவிட்டால் விட முடியாது" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அது சரியில்லை. மூச்சு வாங்குவது அதிகமானாலோ, பேசும்போது வாக்கியத்தை முடிக்க முடியாமல் போனாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

இனிமேல் யாருக்காவது இப்படி நேர்ந்தால், உங்களைப்போலவே முதலில் வெளியே ஓடி வர வேண்டும். அதில் நீங்கள் சரியாகவே செய்தீர்கள். தண்ணீர் ஊற்றிவிட்டு வரலாம், வென்டிலேட்டரைத் திறந்துவிட்டு வரலாம் என்று மறுபடி உள்ளே போகக் கூடாது. மூச்சு உடனே சரியானதுபோல் தோன்றினாலும் அன்று முழுக்கக் கவனிக்க வேண்டும். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் வரலாம். கண்ணில் பட்டிருந்தால், ஓடும் தண்ணீரில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

அடுத்து, எதை வாங்குவது என்ற கேள்வி. "நெடி தூக்கலாக இருந்தால்தான் சுத்தமாகும்" என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. நெடிக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. எந்த அழுக்கு என்று பார்த்து, அதற்கு ஏற்ற ஒரே ஒரு பொருளை எடுத்தால் வேலை முடிந்தது.

உங்கள் பிரச்சினையையே எடுத்துக்கொள்வோம். குழாய் மூக்கைச் சுற்றிப் படியும் வெள்ளைப் படலம் கிருமியும் இல்லை, அழுக்கும் இல்லை. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் தண்ணீர் காய்ந்ததும் அங்கேயே தங்கிவிடுகின்றன. இது அமிலத்தில்தான் கரையும். பிளீச்சிங் பவுடர் இதை அசைக்கவே அசைக்காது. அதாவது ஆசிட்டுக்குப் பிறகு நீங்கள் தூவிய பவுடரால் கறைக்கு ஒரு பயனும் இல்லை, உங்கள் நெஞ்சுக்குத்தான் கெடுதல். இதற்குக் கடும் ஆசிட்டும் வேண்டியதில்லை. மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கிடைக்கும் சிட்ரிக் ஆசிட்டை ஒரு கப் வெந்நீரில் இரண்டு டீஸ்பூன் கரைத்து, பழைய பருத்தித் துணியை அதில் நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். அரை மணி நேரம் கழித்து அவிழ்த்தால் படலம் இளகியிருக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தாலே வந்துவிடும். டைல்ஸிலும் அப்படியே ஊற்றி ஊறவிட்டுத் தேய்க்கலாம். வருடக்கணக்கில் கெட்டிப்பட்டது ஒரே தடவையில் போகாது, வாரம் ஒருமுறை செய்துவந்தால் குறையும். மொசைக் தரையிலும் மார்பிளிலும் எந்த அமிலமும் படக் கூடாது, எலுமிச்சைச் சாறுகூட அரித்துவிடும். குளித்து முடித்ததும் வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிடும் பழக்கம் இருந்தால் பாதிக் கறை படியவே படியாது.

அடுப்பங்கரை எண்ணெய்ப் பிசுக்கு வேறு ரகம். அதற்குச் சோப்பும் காரமும் வேண்டும். பாத்திரம் துலக்கும் லிக்விட் இரண்டு சொட்டு விட்ட வெந்நீரே போதும். புகைபோக்கியிலும் டைல்ஸ் இடுக்கிலும் கெட்டிப்பட்ட பிசுக்குக்குச் சலவைச் சோடா கரைத்த வெந்நீர் நன்றாக வேலை செய்யும், கையுறை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். தினப்படி தரை துடைக்கவும் சோப்புத் தண்ணீரே போதும். நான் இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. ஆனால் கிருமிகளில் பெரும்பங்கு அழுக்கோடும் எண்ணெயோடும் சேர்ந்து துடைப்பிலேயே போய்விடுகிறது. மாப்பைப் பயன்படுத்தியபின் அலசி, வெயிலில் காயப் போடுவது எந்த லிக்விட்டைவிடவும் முக்கியம். நாள் முழுக்க ஈரமாகவே மூலையில் கிடக்கும் மாப்பால் துடைத்தால், நேற்றைய கிருமியை இன்று வீடு முழுக்கப் பூசுகிறோம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சுக்கும் இதே கதைதான்.

கிருமிநாசினி தேவைப்படும் நேரங்களும் உண்டு. டாய்லெட், கோழியும் மீனும் நறுக்கிய பலகை, வீட்டில் யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அவர் தொட்ட, அசுத்தமான இடங்கள் ஆகியவற்றுக்குத்தான் பிளீச்சிங் பவுடர். விலையும் குறைவு, வேலையும் சுத்தம். நல்ல பவுடரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குளோரின் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம், ஏறக்குறைய தலைதட்டிய ஒரு டீஸ்பூன். பிளாஸ்டிக் பக்கெட்டில் கலக்கி, கசடு அடியில் தங்கியபின் மேலே தெளிந்த தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, அலசி, அதன் பிறகு இதைப் பூசிப் பத்து நிமிடம் ஈரமாகவே விட்டுவிட்டுக் கழுவ வேண்டும். மலமோ வாந்தியோ மேலே இருக்கும்போது தூவினால், குளோரின் அந்த அழுக்கோடே செலவாகிவிடும், கிருமி மிச்சமிருக்கும். கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், மறுநாள் அதில் வீரியம் இருக்காது. வாய் கட்டாமல் வைத்த பழைய பவுடரிலும் இருக்காது.

கடையில் வாங்கும் தரை லிக்விட் பாட்டிலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் பென்சால்கோனியம் குளோரைடு என்று இருந்தால், அதைச் சோப்புத்தூளோடு கலக்கக் கூடாது. நிறையப் பேர் ஒரே பக்கெட்டில் ஒரு கை சோப்புத்தூளும் ஒரு மூடி லிக்விட்டும் போடுகிறார்கள். சோப்புத்தூள் அந்த மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும், கொடுத்த காசு வீண். சோடியம் ஹைப்போகுளோரைட் என்று இருந்தால் அதுவும் பிளீச்சிங் பவுடரின் உறவுதான். அதன் பக்கத்தில் டாய்லெட் கிளீனர், ஆசிட், வினிகர், எலுமிச்சை எதுவும் வரக் கூடாது. அம்மோனியா உள்ள கண்ணாடி கிளீனரும் கூடாது, அந்தக் கலவையிலிருந்து குளோரமைன் என்ற இன்னொரு நச்சு வாயு வரும். "99.9 சதவீதக் கிருமிகளைக் கொல்லும்" என்ற வாசகம், லேபிளில் சொன்ன நேரம்வரை ஈரம் காயாமல் இருந்தால்தான் பொருந்தும். தெளித்த கையோடு துடைத்தால் அந்தக் கணக்கு செல்லாது.

எலுமிச்சை, ஆப்ப சோடா பற்றிக் கேட்டிருந்தீர்கள். தனித்தனியாக இரண்டுமே நல்லவை. எலுமிச்சையும் வினிகரும் உப்புக்கறைக்கு ஆகும், ஆப்ப சோடா பிசுக்குக்கும் வாடைக்கும் ஆகும். இரண்டையும் சேர்த்தால் நுரை பொங்கும், பார்க்க ஆவேசமாகத்தான் இருக்கும். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, மிஞ்சுவது வெறும் உப்புத் தண்ணீர். பூந்திக்கொட்டை நல்ல இயற்கைச் சோப்பு, பித்தளைக்குப் புளியைப்போல வருமா! ஆனால் வயிற்றுப்போக்கு வந்த வீட்டு டாய்லெட்டை இவற்றை நம்பி விடாதீர்கள்.

மாமியாருக்காக ஒரு விஷயம். ஸ்பிரே பாட்டில்களைத் தவிர்த்துவிடுங்கள். தெளிக்கும்போது எழும் நுண்ணிய துளிகள் நேரே நுரையீரலுக்குப் போகின்றன. எந்த லிக்விட்டையும் துணியில் ஊற்றித் துடைப்பதே நல்லது. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஐரோப்பாவில் 6,000க்கும் மேற்பட்டவர்களை 20 ஆண்டுகள் கவனித்திருக்கிறார்கள். வீட்டைச் சுத்தம் செய்துவந்த பெண்களுக்கும், அதையே தொழிலாகச் செய்த பெண்களுக்கும் நுரையீரல் திறன் மற்றப் பெண்களைவிட வேகமாகக் குறைந்திருந்தது. சுத்தம் செய்யும் வேலை முழுவதும் பெண்கள் தலையிலேயே விழும் நம் வீடுகளில் இதை லேசாக எடுத்துக்கொள்ளவே முடியாது. கழுவும் நேரம் மாமியார் வாசல் பக்கமோ மொட்டை மாடியிலோ இருக்கட்டும். வாசனைக்கென்றே போடும் பொருள்கள் எதுவும் உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

பையன் விஷயத்தில் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தெருவில் வண்டியில் வரும் ஆசிட்டையும் பினாயிலையும் பழைய தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ வாங்கி வைக்காதீர்கள். 2013இல் உச்ச நீதிமன்றம் ஆசிட்டைச் சில்லறையாக விற்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆசிட் வீச்சுக்கு ஆளான பெண்களின் வழக்கில் வந்த உத்தரவு அது. இருந்தும் தெருவில் விற்பனை நிற்கவில்லை. இரண்டு வயதுக் குழந்தைக்கு லேபிள் தெரியாது, பாட்டில் வடிவம்தான் தெரியும். ஒரு வாய் ஆசிட் உணவுக்குழாயை வேகவைத்துவிடும். புண் ஆறும்போது குழாய் சுருங்கி, சோறு இறங்காமல், மாதக்கணக்கில் குழாய் விட்டு அதை விரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். அந்தப் பிள்ளைகளையும் அவர்கள் அம்மாக்களையும் பார்ப்பது எங்களுக்கு மிகவும் வேதனை. வாங்கிய பாட்டிலிலேயே, பூட்டுள்ள அலமாரியில், உயரத்தில் வையுங்கள்.

ஒருவேளை குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுப்பது, தொண்டையில் விரல் விடுவது இரண்டுமே ஆபத்து. இறங்கும்போது ஒருமுறை சுட்டது, ஏறும்போது இன்னொருமுறை சுடும், மூச்சுக்குழாய்க்குள்ளும் போகலாம். ஆசிட்டை முறிக்கிறேன் என்று ஆப்ப சோடா போன்ற எதையும் கொடுக்க வேண்டாம். வாயை, உதட்டைக் கழுவித் துடைத்து, ஆசிட் பட்ட சட்டையைக் கழற்றிவிட்டு, அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எது, எவ்வளவு என்று தெரிந்தால் எங்கள் வேலை பாதி முடிந்தது.

வீட்டில் மிச்சம் இருக்கும் ஆசிட்டையும் பவுடரையும் ஒரே அலமாரியில் வைக்க வேண்டாம், ஒரே சாக்கடையில் அடுத்தடுத்துக் கொட்டவும் வேண்டாம். பவுடரை இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் படாத இடத்தில் வையுங்கள். உங்கள் இருமல் முழுசாக நின்று, ஸ்பைரோமெட்ரி நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் சொல்லும்வரை பாத்ரூம் கழுவும் வேலையை உங்கள் கணவர் செய்யட்டும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, லெமன் சால்ட்டோடு.